பெரியவளானால் மலை ஏறக் கூடாதா?

லீவு விட்டால் பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்புவதா, இல்லை டி.வி.யும் செல்போனுமாக விட்டுவிடுவதா என்று சகோதரிகள் பலர் புலம்புகிறார்கள். எனக்கு அதைவிட வேறொரு மனக்குறை. பிள்ளைகளை நாலு இடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுவதில் பையனுக்கு ஒரு நியாயம், பொண்ணுக்கு ஒரு நியாயம் வைத்திருக்கிறோமே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் மகள் எட்டாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறார்கள். மூன்று வருடமாகவே லீவு நாளில் மதுரையைச் சுற்றியுள்ள இடங்களுக்குக் குடும்பத்தோடு போய் வருகிறோம். கொடைக்கானல், ஊட்டி எல்லாம் நமக்குக் கட்டுபடியாகாது. டவுன் பஸ் போகிற இடமாகப் பார்ப்போம். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்சில் பெண்களுக்குத்தான் டிக்கெட் கிடையாதே, அதனால் வீட்டுக்காரருக்கும் மகனுக்கும் மட்டும்தான் செலவு. புளிச்சோறு, தயிர்சோறு, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல். நாலு பாட்டில் தண்ணீர். அவ்வளவுதான் ஏற்பாடு.

2023-ல் கீழடி அருங்காட்சியகம் திறந்த பிறகு அங்கே போனோம். செட்டிநாட்டு வீடு மாதிரி அழகாகக் கட்டியிருக்கிறார்கள். ஆறாம் வகுப்பு சமூக அறிவியலில் தமிழ்நாட்டின் பண்டைய நகரங்கள் என்று ஒரு பாடம் உண்டு. அதை மகள் அப்போது ராகம் போட்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஏறவில்லை. அங்கே போய்ப் பார்த்தால், உடைந்த பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். "அம்மா, இது பாண்டி ஆடுற சில்லு மாதிரியே இருக்கு!" என்று கத்திவிட்டாள். பகடைக்காய் இருக்கிறது, நூல் நூற்கிற தக்களி இருக்கிறது, பானை ஓட்டில் யாரோ தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். அந்த ஊரின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை போகிறது என்று 2019-ல் தொல்லியல் துறை அறிக்கை சொன்னதாம். அந்த வருஷம் பரீட்சையில் அந்தப் பாடத்துக்கு அவள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. முழு மார்க்.

அப்புறம் கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்தில் அய்யனார் கோவில், தாமரைக்குளம், பெரிய ஆலமரம். படியேறிப் போனால் பேச்சிப்பள்ளம். பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து, பக்கத்தில் சுனை. ஆயிரம் வருஷத்துக்கும் மேலே பழசு. மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு என்று ஒரு குகை. அதில் உட்கார்ந்திருக்கிற பெரிய சிலையைச் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் செட்டியார் என்றே சொல்கிறார்கள். எட்டாம் வகுப்பில் பாறையும் மண்ணும் பாடம் வந்தது. கிரானைட் பாறை சூட்டிலும் அழுத்தத்திலும் மாறினால் நைஸ் என்று போட்டிருக்கிறது. என் மகள் மலைப் பாறையில் கோடு கோடாக வரி ஓடுவதைக் காட்டி, "இது அதுவாத்தான் இருக்கும், டீச்சர்ட்ட கேக்கணும்" என்றாள். அதுதான் படிப்பு என்று நான் நினைக்கிறேன். டியூஷனில் மாதம் ஐந்நூறு கொடுத்தாலும் "கேக்கணும்" என்கிற ஆசையை அவர்கள் தரமாட்டார்கள்.

இந்த வைகாசியில் மகள் பெரியவளானாள். சீர், சடங்கு எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. அடுத்த லீவுக்கு மலைக்குப் போகலாம் என்று மகன் பையை எடுத்ததும் வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. "வயசுக்கு வந்த புள்ளைய காடு மலைன்னு கூட்டிட்டுத் திரியாதீங்க. காத்து கருப்பு அண்டும். அவன மட்டும் கூட்டிட்டுப் போங்க" என்றார் என் அத்தை. நாத்தனார் போனிலேயே அதற்கு ஒத்து ஊதினார். எதிர்வீட்டு அக்கா, "கறுத்துப் போனா மாப்பிள்ளை எப்படிக் கிடைப்பான்?" என்றார். பதின்மூன்று வயசுப் பிள்ளைக்கு மாப்பிள்ளைக் கவலை! மகள் ஒன்றும் பேசவில்லை. தம்பியின் பையில் தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு என்னவோ செய்தது.

என் காலத்திலும் இதுதான். ஒன்பதாவது படிக்கையில் பள்ளியில் எக்ஸ்கர்ஷன் போனார்கள். பணம் கட்டுகிற கடைசி நாளன்று, "பெரிய மனுஷிக்கு ஊர் சுத்தல் எதுக்கு?" என்று எங்கள் அப்பா சொல்லிவிட்டார். என் தம்பி அவன் வகுப்போடு போய்வந்து கதை கதையாகச் சொன்னான். நான் கேட்டுக்கொண்டேன்.

பேச்சிப்பள்ளம் என்று பேச்சியம்மா பெயரைத் தாங்கிய இடத்துக்குப் பொம்பளைப் பிள்ளை போகக் கூடாதாம், இது என்ன கணக்கு? கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரத்தியார் என்று பெண் துறவிகளின் பெயர்கள் இருக்கின்றன, அவர்கள் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியைகளாகவும் இருந்தார்கள் என்று மகளின் டீச்சர் சொல்லியிருக்கிறார். அன்றைக்கே மலை மேல் பெண்கள் உட்கார்ந்து பாடம் நடத்தியிருக்கிறார்கள். இன்றைக்கு நாம் பாடம் பார்க்கப் போகவே யோசிக்கிறோம்.

நான் ஒன்றும் பொண்ணைத் தனியாக அனுப்பு என்று சொல்லவில்லை. அப்பா, அம்மா, தம்பி கூடப் போகிறோம். காலை ஆறரைக்குக் கிளம்பினால் பாறை சுடுவதற்குள் பத்து மணிக்கு இறங்கிவிடலாம். தலைக்குத் துணி, காலுக்கு நல்ல செருப்பு. அந்த நாட்களாக இருந்தால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போடலாம். அல்லது, என் மகள் சொல்வது மாதிரி, "நாப்கின் எடுத்துக்கிட்டா போச்சு, ஸ்கூலுக்குப் போகலையாம்மா?"

உண்மையான தொல்லை வேறு. இப்படிப்பட்ட இடங்கள் பலவற்றில் பெண்களுக்கு ஒழுங்கான கழிப்பிடம் இல்லை. இருந்தால் பூட்டியிருக்கும், திறந்திருந்தால் தண்ணீர் வராது. ஆம்பளைகள் எங்கேயோ ஒதுங்கிவிடுகிறார்கள். நாம் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு திரும்ப வேண்டியிருக்கிறது. பொண்ணைக் கூட்டிப்போகத் தயங்குகிற அம்மாக்களில் பாதிப்பேர் இதற்காகத்தான் தயங்குகிறார்கள், வெளியே சொல்வதில்லை. பழைய சிற்பத்துக்கு வேலியும் அறிவிப்புப் பலகையும் வைக்கிறவர்கள், பூட்டாத ஒரு கழிப்பறையும் ஒரு தண்ணீர்க் குழாயும் வைக்கக் கூடாதா? ஊராட்சி கிராம சபைக் கூட்டத்தில் அந்தந்த ஊர் சகோதரிகள் இதைக் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். நாம் கேட்காமல் ஆம்பளைகளுக்கு இது ஞாபகம் வராது.

வீட்டுப் பேச்சுக்கு ஒரு வழி பண்ணினேன். "நீங்களும் வாங்க அத்தை, அய்யனாரைக் கும்பிட்டுட்டு ஆலமரத்தடியில இருங்க" என்று அத்தையையும் கூட்டிப் போனேன். வீட்டுக்காரர் சிரித்தார், ஆனால் தடுக்கவில்லை. நாங்கள் இறங்கி வரும்போது அத்தை சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஆவாரை, தும்பை, குப்பைமேனி, நெருஞ்சி என்று பறித்து முந்தானையில் வைத்திருந்தார். எது எதற்கு மருந்து என்று பேத்திக்குச் சொல்ல ஆரம்பித்தார், பஸ் வரும் வரை நிறுத்தவில்லை. மகள் அதையெல்லாம் நோட்டில் ஒட்டிப் பெயர் எழுதி வைத்திருக்கிறாள். காத்து கருப்பு பேச்சு அதற்கப்புறம் வரவில்லை. நாத்தனார் மட்டும் இன்னும் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறார், இருக்கட்டும்.

அடுத்த லீவுக்கு அந்தக் குரத்தியார் பெயர் இருக்கிற கழுகுமலைக்கே போக வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடிக்கிறாள். பஸ் செலவு கொஞ்சம் ஆகும், சீட்டுப் பணத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். "அங்க முருகன் கோவிலும் இருக்குல்ல, நானும் வர்றேன்" என்று அத்தை இப்போதே சொல்லி வைத்துவிட்டார்.

- ஓர் இல்லத்தரசி, மதுரை