சாவிக் கொத்தில் ஒரு சகாயம்

"உங்கள் வீட்டில் கத்தரிக்கோல் இருக்கிறதா?" என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "ஓ, ஒன்றுக்கு மூன்றாக இருக்கிறதே!" என்பார்கள். "அப்படியானால் ஒன்றை இப்படிக் கொடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அப்போதுதான் வேடிக்கை ஆரம்பமாகும். ஒருவர் தையல் மிஷின் டிராயரைக் குடைவார். ஒருவர் நாற்காலி போட்டு ஏறி அலமாரியின் மேல் தட்டைத் துழாவுவார். "நேற்று இங்கேதானே வைத்தேன்!" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வரும். "பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனது யார்?" என்று கூடத்தில் விசாரணைக் கமிஷன் உட்காரும். கமிஷன் தீர்ப்புச் சொல்வதற்குள், பார்சல் வீட்டுச் சாவியால் குத்திக் கிழிக்கப்பட்டு, பால் பாக்கெட் பல்லால் கடித்துத் திறக்கப்பட்டு, காரியம் ஒருவாறு முடிந்திருக்கும்.

ஒரு சாமான் வீட்டில் இருப்பது வேறு. கையில் இருப்பது வேறு. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்ட யாரோ ஒரு மகானுபாவர்தான், சாவிக் கொத்திலே கோத்துக்கொள்ளும் குட்டிக் கருவியைக் கண்டுபிடித்திருக்கவேண்டும்.

அந்தக் கருவியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஸ்விட்சர்லாந்தில் செய்கிற சின்னச் சிவப்புக் கத்தியையே எடுத்துக்கொள்வோம். 'கிளாஸிக்' என்று அதற்குப் பெயர். மடக்கினால் நீளம் 58 மில்லிமீட்டர், சுண்டுவிரல் அளவுதான். எடை ஏறக்குறைய 22 கிராம். அதற்குள்ளே ஒரு கத்தி, ஒரு கத்தரிக்கோல், நகம் ராவ ஓர் அரம், அரத்தின் நுனியிலேயே ஒரு திருப்புளி, பக்கத்திலே செருகினாற்போல் ஒரு முள்வாங்கி, ஒரு பல்குச்சி. இத்தனை பேரும் ஒண்டுக் குடித்தனம் இருந்தும் சண்டை சச்சரவு கிடையாது. கூப்பிட்டவர் மட்டும் வெளியே வருவார். வேலை முடிந்ததும் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார்.

* * *

இது ஏதோ சீமைச் சரக்கு, புது நாகரிகம் என்று நினைக்கவேண்டாம். நம் பாட்டன்மார் இடுப்பில் அரைஞாண் கயிற்றோடு முள்வாங்கியைக் கட்டிக்கொண்டுதான் காட்டுக்குப் போனார்கள். கருவேலங்காட்டில் நடப்பவனுக்குக் காலில் முள் தைத்தால், முள்வாங்கி வீட்டு மாடத்தில் இருந்து என்ன பிரயோஜனம்? காதுக்குக் குறும்பிவாங்கி என்று தனியாக ஒன்று உண்டு. பாட்டியின் சுருக்குப் பையை அவிழ்த்தால் பாக்குவெட்டியும் சுண்ணாம்பு டப்பியும் வெளியே வரும்.

இன்றைக்கும் நம் பெண்மணிகள் தாலிக்கொடியிலோ வளையலிலோ நாலு ஊக்குகளை மாட்டி வைத்திருக்கிறார்களே, அது என்ன? புடவை மடிப்புக்கு ஊக்கு. பாவாடைக்கு நாடா கோக்க ஊக்கு. கல்யாண வீட்டில் ரவிக்கைக் கொக்கி தெறித்தால் ஊக்கு. நடுத்தெருவில் செருப்பு வார் அறுந்தால் ஊக்கு. காலில் முள் தைத்தாலும் ஊக்கு. ஒரே கம்பியில் ஐந்து வேலை! இந்த ஊக்கை நியூயார்க்கைச் சேர்ந்த வால்ட்டர் ஹண்ட் என்பவர் 1849-ல் பதிவு செய்தார். ஒரு பதினைந்து டாலர் கடனை அடைப்பதற்காக, அதன் உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டாராம். அவர் கடன் தீர்ந்தது. உலகத்துப் பெண்கள் அவருக்குப் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.

பழைய ரோமாபுரியிலும் இந்த யோசனை இருந்திருக்கிறது. கேம்பிரிட்ஜ் நகரத்து ஃபிட்ஸ்வில்லியம் மியூஸியத்தில் மூன்றாம் நூற்றாண்டு ரோமானியக் கருவி ஒன்று இருக்கிறது. மடக்கி விரிக்கும் வெள்ளிக் கருவி. கரண்டி, முள்கரண்டி, கத்தி, குத்தூசி எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று. பிரயாணம் போன ஏதோ ஒரு பணக்கார ரோமானியரின் உடைமையாக இருக்கவேண்டும்.

சிவப்புக் கத்தியின் கதைக்கு வருவோம். ஸ்விட்சர்லாந்தில் ஈபாக் என்ற ஊரில் கார்ல் எல்செனர் என்பவர் 1884-ல் ஒரு கத்திப் பட்டறை வைத்தார். அந்த நாளில் ஸ்விஸ் ராணுவத்துக்குக் கத்தி ஜெர்மனியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. "நம் சிப்பாய்க்கு நாமே கத்தி செய்யக்கூடாதா?" என்று அவருக்கு ரோஷம். 1891-ல் முதல் தவணைக் கத்திகளைச் செய்து கொடுத்தார். அதில் இருந்தவை நாலே நாலு: கத்தி, துளையூசி, தகர டப்பா திறக்கும் அலகு, திருப்புளி. சிப்பாய் சாப்பிடுவது டப்பாச் சாப்பாடு. அவனுடைய புதுத் துப்பாக்கியைக் கழற்றித் துடைக்கத் திருப்புளி தேவை. அவனுக்கு அன்றாடம் என்ன வேண்டுமோ, அது மாத்திரம் அதில் இருந்தது.

ஜெர்மன்காரர்கள் அதே கத்தியை மலிவாகச் செய்து கொடுத்தார்கள். எல்செனர் கடனில் மூழ்கினார். ஆனாலும் அசரவில்லை. 1897-ல் எடை குறைந்ததாக, இன்னும் ஒரு சிறு கத்தியும் தக்கைத் திருகியும் சேர்த்து, ஆபீஸர்களுக்கென்று ஒரு கத்தியைப் பதிவு செய்தார். அதுதான் பிழைக்க வைத்தது. அவருடைய தாயார் விக்டோரியா 1909-ல் காலமானபோது, அம்மாவின் பெயரையே தொழிலுக்கு வைத்தார். துருப்பிடிக்காத எஃகுக்கு அங்கே 'இனாக்ஸ்' என்று பெயர். 1921-ல் அதுவும் சேர்ந்துகொள்ள, 'விக்டோரினாக்ஸ்' ஆயிற்று. இன்று எத்தனையோ பேர் சட்டைப் பையில் ஒரு மகனின் தாய்ப்பாசம் இருக்கிறது. அவர்களுக்கே அது தெரியாது!

அமெரிக்காக்காரரான டிம் லெதர்மன் கதை வேறு விதம். 1975-ல் மனைவியோடு ஐரோப்பாவில் ஒரு பழைய ஃபியட் காரில் சுற்றுப்பிரயாணம் போனார். கார் அடிக்கடி படுத்தது. தங்கிய விடுதியில் குழாய் ஒழுகிற்று. கையில் ஒரு கத்தி இருந்தது. குறடு மட்டும் இல்லை. "கத்தியோடு ஒரு குறடும் இருந்தால்!" என்று ஏங்கினார். ஊர் திரும்பிச் செய்யத் தொடங்கியவர், முதல் கருவியை விற்றது 1983-ல். நடுவிலே கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி, "வேண்டாம்" என்ற பதிலைக் கேட்டு வந்தார். அவருடைய கம்பெனியே 1996-ல் சாவிக் கொத்துக்கென்று 'மைக்ரா'வைக் கொண்டுவந்தது. விரித்தால் நல்ல கத்தரிக்கோல், கைப்பிடிக்குள்ளே மற்றவை. எடை சுமார் 50 கிராம்.

ஆகாசத்திலும் இந்தச் சமாசாரம் உதவியிருக்கிறது. 1995 நவம்பரில் அமெரிக்க விண்கலம் ஒன்று ரஷ்யாவின் 'மிர்' நிலையத்தோடு போய்ச் சேர்ந்தது. நிலையத்தின் கதவைத் திறக்கப் போனால், வாரும் கட்டுமாக ஏக பந்தோபஸ்து! கனடாக்காரரான கிறிஸ் ஹாட்ஃபீல்ட் தம் ஸ்விஸ் கத்தியை எடுத்து அறுத்துத்தான் உள்ளே போனார். கோடி கோடியாகச் செலவழித்த பிரயாணத்தில் கடைசிக் கைங்கரியம் ஒரு பேனாக்கத்தியினுடையது.

* * *

"நாம் என்ன ஆகாசத்துக்கா போகிறோம்?" என்று கேட்பீர்கள். மார்க்கெட்டுக்குப் போகிறோம், ரயிலுக்குப் போகிறோம், பேரன் பிறந்தநாளுக்குப் போகிறோம். அதுவே போதும்.

பேரனுக்குப் பொம்மை வந்திருக்கும். பாட்டரி மூடியில் கடுகத்தனை திருகாணி இருக்கும். குழந்தையோ அழ ஆரம்பித்திருக்கும். அந்தச் சமயத்தில் சாவிக் கொத்திலிருந்து திருப்புளியை நீட்டும் தாத்தாவுக்குக் கிடைக்கும் மரியாதை, பொம்மை வாங்கிக் கொடுத்தவருக்குக்கூடக் கிடைக்காது. ரயிலில் ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பல்லால் இழுத்து எதிர் சீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டைக்கு அபிஷேகம் செய்யவேண்டியதில்லை. புதுத் துணியின் விலைச் சீட்டு, காலரில் தொங்கும் நூல், மரப் பலகையிலிருந்து விரலில் ஏறிய சிலாம்பு, கொரியர் பெட்டியின்மேல் சுற்றியிருக்கும் முக்கால் மைல் டேப்பு — எல்லாம் அரை நிமிஷ வேலை.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் எஜமானர் இதை வாங்கி வந்தபோது, "என்னங்க இது, கொலுப் பொம்மைக்குக் கத்தியா?" என்று அம்மாள் சிரித்தாள். மாசம் முடிவதற்குள் அது இடம் மாறிவிட்டது. இப்போது அவள் இடுப்புச் சாவிக் கொத்தில் தொங்குகிறது. எஜமானர் வேறொன்று வாங்க உத்தரவுக்குக் காத்திருக்கிறார்!

இவையெல்லாம் சௌகரியம். சௌகரியத்துக்கு மேலேயும் ஒன்று உண்டு.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் நடந்தது. மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போன ஓர் அம்மாளின் முந்தானை பின்சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. புருஷன் சட்டென்று வண்டியை நிறுத்திவிட்டான். ஆனாலும் புடவை சக்கரத்துக்கும் சங்கிலிக்கும் நடுவே சுருண்டு இறுகி, அவளைக் கழுத்தோடு கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டது. மூச்சுத் திணறுகிறது. இருபது பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் 108-க்குப் போன் செய்தார். ஒருவர் சோடாவுக்கு ஓடினார். ஒருவர் சக்கரத்தைப் பின்னுக்கு உருட்டப் பார்த்தார், இறுக்கம்தான் அதிகமாயிற்று. ஒரு வாலிபன் பல்லால் கிழிக்க முயன்றான். நைலக்ஸ் புடவை அதற்கு மசியுமா? அப்போது எதிர்ச் சாரியிலிருந்து பூக்காரம்மா ஓடிவந்தாள். நார் அறுக்கிற சின்னக் கத்தி கையில் இருந்தது. "தள்ளுங்க சாமி!" என்று குனிந்து, இழுத்து நின்ற துணியில் ஓர் இழுப்பு. அவ்வளவுதான். புடவை போயிற்று, உயிர் நின்றது.

அன்றைக்கு அந்த இடத்தில் இரக்கத்துக்குப் பஞ்சம் இல்லை. இருபது பேருக்கும் இரக்கம் இருந்தது. இரண்டு அங்குலக் கத்தி ஒருத்தியிடம்தான் இருந்தது. அவளும் அதை உபகாரத்துக்காக வைத்திருக்கவில்லை, பிழைப்புக்காக வைத்திருந்தாள். பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் தடுப்பு மோட்டார் சைக்கிளுக்கு இருக்கவேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அழகு கெடுகிறது என்று அதைக் கழற்றி வைத்திருப்பவர்கள், இன்றே திரும்ப மாட்டிக்கொள்வது உத்தமம்.

* * *

சாவிக் கொத்தில் இதைச் சேர்க்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்.

இந்தச் சின்னக் கத்திகளில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டுக் கிடையாது. நெம்பினாலும் குத்தினாலும் மடங்கி விரலில் விழும். அறுப்பதற்கு மட்டும் அலகு. டப்பா மூடியை நெம்ப அலகை எடுக்கவேண்டாம். மின்சாரம் ஓடும் இடத்தில் திருப்புளியை நீட்டவே கூடாது. பழம் நறுக்கினால் கழுவித் துடைத்து, மாசத்துக்கு ஒரு தரம் மூட்டில் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். ஒருவர் காலில் முள் எடுத்த முள்வாங்கியைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் இன்னொருவர் காலுக்குக் கொண்டுபோகாதீர்கள். பல்குச்சியை யாருக்கும் இரவல் தரவேண்டாம். அது சொந்த பந்தத்துக்கும் பொருந்தும்.

விமானப் பிரயாணம் என்றால், முந்தின நாளே கொத்திலிருந்து கழற்றிப் பெரிய பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்த பயங்கரத்துக்குப் பிறகு சின்னக் கத்திக்கும் விமானத்தின் கதவு சாத்தப்பட்டது. 2013 மார்ச்சில், 6 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கத்தியை அனுமதிப்பதாக அமெரிக்க அதிகாரிகள் அறிவித்தார்கள். விமானப் பணியாளர்கள் கொதித்தெழுந்தார்கள்; ஜூன் மாசமே அந்த யோசனை கைவிடப்பட்டது. சோதனைக்காரரிடம் பாட்டனார் முள்வாங்கியின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தால், விமானம் போய்விடும்.

இன்னொன்று: பத்துச் சாமான் உள்ளதை விட்டு முப்பது சாமான் உள்ளதை வாங்கும் ஆசை சிலருக்கு வரும். முப்பது சாமான் உள்ளது கனக்கும். கனத்தால் மேஜை டிராயருக்குப் போகும். அங்கே ஏற்கெனவே மூன்று கத்தரிக்கோல்கள் ஒளிந்துகொண்டிருக்கின்றன.

"என் சாவிக் கொத்தில் இதற்கு ஏது இடம்?" என்கிறீர்களா? கொத்தை எடுத்து ஒவ்வொரு சாவியாகப் பாருங்கள். எந்தப் பூட்டுக்கு உரியது என்று வீட்டில் ஒருவருக்குமே தெரியாத சாவி இரண்டாவது அதில் இருக்கும். அவற்றைக் கழற்றுங்கள். இடம் தாராளமாகக் கிடைக்கும்!