சபையில் நம் வீட்டுப் பெண்

கோவில்பதாகையிலிருந்து ஒரு தாயார் தம் சந்தேகத்தைத் தெரிவித்திருக்கிறார்:

"என் மகள் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். இன்டர்நெட் நிர்வாகத்தைப் பற்றி அயல்நாட்டில் ஏதோ மகாநாடு நடக்கிறதாம். இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து அழைத்துப் போகிறார்களாம். 'பெலோஷிப்' என்கிறாள். விமானச் சார்ஜ், தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பாம். விண்ணப்பம் போடட்டுமா என்கிறாள். அவள் அப்பாவோ, 'ஆதாயமில்லாமல் ஆற்றில் இறங்குவார்களா? இதில் ஏதோ சூது இருக்கிறது' என்கிறார். நான் என்ன சொல்லட்டும்?"

சகோதரிகளே, அந்த அப்பாவின் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். காலம் அப்படி இருக்கிறது. ஆனால் சந்தேகப்படுவதற்கு முன்னால் விஷயம் இன்னதென்று தெரிந்து கொள்ள வேண்டுமல்லவா?

இன்டர்நெட்டுக்கு ஒரே ஒரு ஜமீன்தார் கிடையாது. உலகத்துக் கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று கண்டுபிடிப்பதற்கு விலாசங்கள் வேண்டும். அந்தப் பெயர்களையும் எண்களையும் ஒழுங்கு செய்வதற்காக 1998-ல் அமெரிக்காவில் 'ஐகான்' என்ற ஸ்தாபனம் ஏற்பட்டது. 2005-ல் டூனிஸ் நகரில் நடந்த ஐ.நா. மகாநாட்டின் பயனாக, இன்டர்நெட் நிர்வாகப் பேரவை என்ற இன்னொரு சபை பிறந்து, 2006-ல் ஏதென்ஸில் முதல் முறையாகக் கூடியது. இவற்றில் சர்க்கார்களும் கம்பெனிகளும் மட்டும் உட்கார்ந்து பேசினால் என்ன ஆகும்? பந்தி பரிமாறுகிறவர்களே பந்தியில் முதலில் உட்கார்ந்த கதைதான்! ஆகவே மாணவர்கள், ஆசிரியர்கள், சாதாரண ஜனங்கள் எல்லோரும் வந்து பேசலாம் என்று கதவைத் திறந்து வைத்தார்கள்.

கதவு திறந்திருந்தால் போதுமா? கோவில்பதாகையிலிருந்து அங்கே போய்ச் சேர விமான டிக்கெட் வேண்டுமே! அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஐகான் 2007-ல் பெலோஷிப் திட்டத்தை ஆரம்பித்தது. 18 முதல் 30 வயது வரையுள்ள மாணவ மாணவிகளுக்கென்று 'நெக்ஸ்ட்ஜென்' என்ற திட்டமும் பின்னர் வந்தது. ஆசிய பசிபிக் வட்டாரப் பேரவையும் இப்படி உதவி அளிப்பதுண்டு. நம் நாட்டிலேயே 2016-ல் இன்டர்நெட் நிர்வாகத்துக்கான இந்தியப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. அயல்நாட்டுக்கு அனுப்பத் தயங்குகிற பெற்றோர், உள்நாட்டிலேயே நடக்கும் இப்படிப்பட்ட வகுப்பிலிருந்து ஆரம்பிக்கலாம்.

"அதெல்லாம் சரி, நம் அடுப்படிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள்.

2016 நவம்பர் மாதம் ஐதராபாத்தில் ஐகான் மகாநாடு நடந்தது. வெளிநாட்டார் பலரும் வந்திருந்தார்கள். மகாநாடு முடிவதற்கு முதல் நாள், நவம்பர் 8-ந் தேதி இரவு, ஐந்நூறு ரூபாய் நோட்டும் ஆயிரம் ரூபாய் நோட்டும் செல்லாது என்று அறிவிப்பு வந்தது! அந்த நாட்களை நம்மில் யார்தான் மறக்க முடியும்? அதற்குப் பிறகு காய்கறிக் கடையிலும் செல்போனில் பணம் கொடுக்கப் பழகிக் கொண்டோம். கரண்ட் பில், காஸ் சிலிண்டர், பள்ளிக்கூடச் சம்பளம் எல்லாம் இன்று அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடக்கம். அதற்கு விதி வகுக்கிற இடத்தில் வீட்டுக் கணக்கு எழுதுகிறவளின் குரல் கேட்க வேண்டாமா?

கேட்டால் பலன் உண்டா? உண்டு. 2015-ல் தொலைத் தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், இன்டர்நெட்டில் சில கம்பெனிகளின் பக்கங்களுக்கு மட்டும் சலுகை காட்டலாமா என்று பொதுமக்களின் அபிப்பிராயத்தைக் கேட்டது. பத்து லட்சத்துக்கு மேல் கடிதங்கள் குவிந்தன! பெரும்பாலும் இளைஞர்கள் மூட்டிய கிளர்ச்சி அது. 2016 பிப்ரவரி 8-ந் தேதி, ஒரு பக்கத்துக்கு ஒரு கட்டணம், இன்னொன்றுக்கு வேறு கட்டணம் என்று பாரபட்சம் காட்டக் கூடாது என ஆணையம் உத்தரவு போட்டது.

குழந்தைகள் விஷயத்தைப் பாருங்கள். 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் விவரங்களைக் கையாள, பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்துப் பெற வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். 2025 ஜனவரியில் வரைவு விதிகளை வெளியிட்டு அபிப்பிராயம் கேட்டார்கள். நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன. நம்மில் எத்தனை தாய்மார் அந்த இடைக்காலத்தில் ஒரு வரி எழுதிப் போட்டோம்?

தமிழுக்கும் அங்கே வேலை இருக்கிறது. ஔவைப் பாட்டியின் பெயரை எழுதிப் பாருங்கள். 'ஔ' என்பது ஓர் எழுத்து. 'ஒ' போட்டு, பக்கத்தில் 'ள' போட்டாலும் கண்ணுக்கு அப்படியேதான் தெரியும். கம்ப்யூட்டருக்கோ இரண்டும் வேறு வேறு! தமிழிலேயே விலாசம் வைக்கும்போது, ஒரு மோசக்காரன் இந்த ஒற்றுமையை வைத்துப் போலி விலாசம் அமைத்தால், ஏமாறுவது நாம்தான். இப்படிப்பட்ட இக்கட்டுகளை யோசித்துத்தான் ஐகானுக்காகத் தமிழ் எழுத்து விதிகளை அறிஞர்கள் தொகுத்து 2019-ல் சமர்ப்பித்தார்கள். தமிழ் தெரியாதவர்களிடம் இந்த வேலையை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பெரிய சபைகள் கோவில்பதாகைப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1955 ஜனவரியில், பக்கத்து ஆவடியில்தான் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ பாணி சமுதாயம் அமைப்பதென்று தீர்மானித்தது. தேசத்தின் போக்கையே அது மாற்றிற்று. அந்தச் சபை நம் ஊர்ப் பக்கம் வந்தது. இந்தச் சபைக்கு நாம் தேடிப் போக வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி, அந்த அப்பாவின் சந்தேகத்துக்கு வருவோம். சூது இருக்கிறதா என்று கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. உண்மையான பெலோஷிப், 'இத்தனை ஆயிரம் முன்பணம் கட்டினால் இடம் நிச்சயம்' என்று சொல்லாது. அப்படிச் சொன்னால் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். அழைப்பு எந்த ஸ்தாபனத்தின் பெயரில் வந்திருக்கிறதோ, அதன் சொந்தப் பக்கத்துக்கே போய் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கடிதத்தில் உள்ள இணைப்பை அழுத்திப் பார்க்க வேண்டாம். பாஸ்போர்ட் நகலும் பாங்க் விவரமும் தேர்வு உறுதியான பிறகுதான். விசாச் செலவை யார் கொடுப்பது, அறை தனியா, இன்னொருவருடன் பகிர்ந்ததா, அங்கே அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது - இவற்றை எழுத்து மூலம் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

மகளிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இது உல்லாசப் பிரயாணமல்ல. போவதற்கு முன் பாடங்கள் படிக்க வேண்டும். அனுபவமுள்ள ஒருவரிடம் வழி கேட்டுக் கொள்ள வேண்டும். திரும்பியபின் அறிக்கை எழுத வேண்டும். நாலு படம் எடுத்துக் கொண்டு, கழுத்தில் அட்டை மாட்டி வந்து விடுகிறவர்களும் உண்டு. ஒவ்வொரு வருஷமும் வேறொரு மகாநாட்டுக்கு விண்ணப்பம் போடுவதே உத்தியோகமாகி விட்டவர்களும் உண்டு. அவர்களால் ஊருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஆகையால், அம்மா, விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை போடுங்கள். போவதற்கு முன், தெருவில் பத்து வீட்டுக்குப் போய், செல்போனால் அவர்களுக்கு என்ன கஷ்டம் என்று அவள் கேட்டு எழுதிக் கொள்ள வேண்டும். ஓய்வூதியக்காரர் ஒருவர் கைரேகை பதியாமல் அலைந்திருப்பார். ஒரு பாட்டி போலி அழைப்பில் பணத்தைப் பறிகொடுத்திருப்பாள். ஒரு மாணவிக்கு அவள் படத்தை யாரோ எடுத்து மிரட்டிய பயம் இருக்கும். பெரிய பெரிய வார்த்தைகள் அந்தச் சபையில் ஏராளமாக இருக்கின்றன. இந்தப் பத்து வீட்டு விஷயம்தான் அங்கே பற்றாக்குறை. அதைக் கொண்டு போகிறவளுக்கு, டிக்கெட் வாங்கித் தந்தவர்களே நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள்.