முதலில் தண்ணீர், பிறகு சுவிட்சு!

விடியற்காலை 5 மணி. மாடி போர்ஷன்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டே எழுந்து வருகிறார். வாட்டர் ஹீட்டர் சுவிட்சைத் தட்டுகிறார். சிவப்பு விளக்கு எரிகிறது. "அரை மணியில் குளித்துவிடலாம்" என்று பேப்பரை எடுத்துக்கொண்டு உட்காருகிறார்.

மாடி டாங்க்கில் சொட்டுத் தண்ணீர் இல்லை. முதல் நாள் டாங்க்கைக் கழுவ வந்த ஆட்கள், போகும்போது வால்வைத் திறந்துவிட மறந்துவிட்டார்கள். இது அவருக்குத் தெரியாது. சிவப்பு விளக்குக்கும் தெரியாது!

அந்த விளக்கு சொல்வது ஒன்றுதான்: "கரண்ட் இருக்கிறது." தண்ணீர் இருக்கிறதா என்று அது சொல்லாது.

அந்தக் காலத்து வீடுகளில் செம்பு பாய்லர் இருந்தது. நடுவில் கரி எரியும் குழாய். சுற்றிலும் தண்ணீர். மேலே ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால்தான் மூக்கு வழியாக ஒரு செம்பு வெந்நீர் வரும். ஊற்றாதவனுக்கு வெந்நீர் கிடையாது. கரியை அள்ளிப் போடும் முன்பே, "தண்ணி இருக்கான்னு பாத்தியா?" என்று பாட்டியின் குரல் உள்ளேயிருந்து வரும். தண்ணீர் இல்லாமல் நெருப்பு வைத்தால் பற்றவைத்த இடமெல்லாம் விட்டுப் போகும். பாய்லர் ஒழுகும். பாத்திரக்காரனைத் தேடி அலைய வேண்டும். அந்தப் பயம் இருந்தது.

இன்று பாய்லர் தலைக்கு மேலே சுவரில் தொங்குகிறது. உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை. அதட்டிக் கேட்கப் பாட்டியும் இல்லை.

காலி ஹீட்டரில் என்னதான் ஆகும்? வீட்டு ஹீட்டர் பெரும்பாலும் 2,000 வாட். 25 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்க அதற்கு அரை மணி பிடிக்கும். அத்தனை சூட்டையும் தாங்கிக்கொள்வது தண்ணீர்தான். தண்ணீர் இல்லாவிட்டால் அவ்வளவு சூடும் காயிலின் தலையிலேயே விடியும். சில நிமிடத்தில் பழுக்கக் காய்ந்துவிடும். உறை வெடிக்கும்.

அந்த உறைக்குள், கரண்ட் பாயும் கம்பியைச் சுற்றி வெள்ளைத் தூள் அடைத்திருப்பார்கள். கரண்ட் வெளியே வராமல் காப்பது அதுதான். உறை விரிந்த பிறகு தண்ணீர் வந்தால் தூள் ஊறும். கரண்ட் தண்ணீரில் இறங்கும். எர்த் ஒழுங்காக இருந்தால் டிரிப் ஆகும், அல்லது ஃபியூஸ் போகும். எர்த் இல்லாத வீட்டில், குழாயடியில் ஈரக்காலோடு நிற்கிறவரே எர்த்!

இன்னொரு ஆபத்தும் உண்டு. காயில் காய்ந்து கிடக்கிற நேரத்தில் யாரோ போய் வால்வைத் திறக்கிறார். பச்சைத் தண்ணீர் பாய்கிறது. 1 லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். வழி கிடைத்தால் குழாய் வழியே சீறிக்கொண்டு வரும். "என்னடா இது, தண்ணி வரலியே" என்று குழாய்க்கு நேரே முகத்தை நீட்டிக்கொண்டிருப்பவர் கதி என்ன?

"அதற்குத்தானே தெர்மோஸ்டாட், கட்-அவுட், சேஃப்டி வால்வு எல்லாம் வைத்திருக்கிறான்?" என்று கேட்கலாம். வாஸ்தவம். கம்பெனிக்காரன் வைத்துத்தான் அனுப்புகிறான். அதை நம் ஆட்கள் விட்டுவைத்தால்தானே! தெர்மோஸ்டாட் பழுது என்றால், "டைரக்ட் பண்ணிட்டேன் சார், இனிமே தொந்தரவு இல்லே" என்று சொல்லிக் காசு வாங்கிப் போகிற மெக்கானிக்குகள் பேட்டைக்குப் பேட்டை இருக்கிறார்கள். சேஃப்டி வால்வு சொட்டினால் மூடி போட்டு அடைத்துவிடுகிற பிளம்பர்களும் உண்டு. சில வால்வுகளில், சூடு மீறினால் உருகி வழிவிடுகிற ஒரு சின்ன உலோகத் துண்டு இருக்கும். அது உருகி ஒழுகுகிறது என்றால் ஹீட்டர் அலறுகிறது என்று அர்த்தம். அலறுகிற வாயில் துணியைத் திணிப்பதா?

டாங்க் காலியானதுமே ஹீட்டரும் காலியாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். தண்ணீர் கீழே நுழைந்து, மேலே நிரம்பி, பிறகுதான் வெளியே வரும். பழைய பாய்லர் கணக்குத்தான். ஆனால் உள்ளே போகிற வழியில் ஒரு தடுப்பு வால்வு இருக்கிறது. போர் தண்ணீர் உப்பு படிந்து அது மூடாமல் நின்றுவிட்டால், கீழ் வீட்டுக் குழாயைத் திறக்கிறபோது மேல் வீட்டு ஹீட்டரிலுள்ள தண்ணீர் வந்த வழியே இறங்கிப் போகும். புதிதாக மாட்டிய ஹீட்டர், உப்புச் சுரண்டக் கழற்றி மாட்டிய ஹீட்டர் இரண்டும் காலியாகத்தான் இருக்கும்.

தண்ணீர் நின்று போவது சென்னைக்குப் புதிதா? 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்தது. குழாயைத் திறந்தால் காற்று வந்த வருஷம் அது. பஞ்சம் இல்லாத வருஷத்திலும் மோட்டார் ரிப்பேர், டாங்க் கழுவுதல், பைப் உடைப்பு என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டுதான் இருக்கும்.

சோதித்துப் பார்க்கக் காலணா செலவில்லை. சுவிட்சைப் போடும் முன் வெந்நீர்க் குழாயைத் திறக்க வேண்டும். காற்றும் துப்பலும் இல்லாமல் தண்ணீர் சீராக வந்தால் ஹீட்டர் நிரம்பியிருக்கிறது. வராவிட்டால் சுவிட்சு பக்கமே போகக் கூடாது. தெரியாமல் போட்டுவிட்டால்? உடனே அணைத்துவிட வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது. நன்றாக ஆறட்டும். எலெக்ட்ரீஷியன் பார்த்த பிறகு போடலாம். பக்கெட்டில் போடும் ராடுக்கும் இதே விதிதான்: தண்ணீரில் முங்கிய பிறகே சுவிட்சு.

எர்த் யார் போடுவது? இங்கேதான் வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் தகராறு. 2017-ல் தமிழகத்தில் வந்த வாடகைச் சட்டம் இதைப் பிரித்தே வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், ஹீட்டர் ரிப்பேர் குடித்தனக்காரர் செலவு. வீட்டு ஒயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. அட்வான்ஸ் வாங்கும்போது நோட்டை எண்ணிப் பார்க்கிற வீட்டுக்காரர், பாத்ரூம் பிளக்கின் மூன்றாவது ஓட்டையில் எர்த் கம்பி இருக்கிறதா என்றும் பார்க்கட்டும்.

அடுக்குமாடிச் சங்கங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. டாங்க் கழுவும் நாளில், "காலை 6 முதல் 10 வரை தண்ணீர் வராது" என்று கீழே பலகையில் எழுதுகிறார்கள். லாரி வரும் நேரம் முதல் மெயின்டனன்ஸ் பாக்கி வைத்தவர் நம்பர் வரை அந்தப் பலகையில் எழுத இடம் இருக்கிறது. "ஹீட்டர் போடாதீர்கள்" என்று இரண்டு வார்த்தை எழுதத்தானா இடம் இல்லை?