செய்த வேலைக்குச் சான்று வேண்டும்: விமானப்படை ஏவியானிக்ஸ் பணியாளர்கள் குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

தனியார் விமானப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் நம் உறுப்பினர்கள் சிலர் நேர்காணல் அறைக்குள் நுழையும் முன்பே திருப்பி அனுப்பப்பட்டதையும், அதன் பிறகு நமக்குள் நடந்த வாக்குவாதங்களையும் தொடர்ந்து செயற்குழு இந்த அறிக்கையை வெளியிடுகிறது. நடந்தது உறுப்பினர்களுக்குத் தெரியும். அதை மறுபடி விவரிக்கவில்லை. ஆனால் காலம் காத்திருக்காது. 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் அந்த ஆண்டுக் கடைசியில் விமானப்படைக்கு வந்த முதல் அணிக்கு, நான்கு ஆண்டுப் பணி 2026 கடைசியில் முடிகிறது. திட்டப்படி அவர்களில் 25 சதவீதம் வரைதான் படையில் தொடர முடியும். மற்றவர்களும் நாம் முட்டிக்கொண்ட அதே கதவின் முன்தான் வந்து நிற்பார்கள்.

சங்கத்தின் நிலைப்பாடு இதுதான். சிவில் விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமத்துக்கான தேர்வுகளில் எங்களுக்குச் சலுகை தேவையில்லை. செய்த வேலைக்குச் சான்று தேவை. அதைத் தரவேண்டியது விமானப்படை. அந்தச் சான்றை எப்படி மதிப்பிடுவது என்று ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதி வைக்க வேண்டியது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏ.

விதி நமக்கு எதிரானது அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பிய விதியை அடியொற்றி எழுதப்பட்ட உரிம விதியான கார்-66, சிவில் துறைக்கு வெளியே பெற்ற பராமரிப்பு அனுபவத்தையும் ஏற்கிறது. அது சிவில் பணிக்கு ஈடானது என்று டிஜிசிஏ ஒப்ப வேண்டும். கூடவே சிவில் சூழலில் கொஞ்ச காலம் வேலை பார்த்திருக்கவும் வேண்டும். நியாயமான நிபந்தனைகள்தான். விமான மின்னணுக் கருவிகளான ஏவியானிக்ஸுக்கான பி2 உரிமத்துக்கு, முன்பயிற்சி இல்லாதவருக்கு, பறக்கும் நிலையிலுள்ள விமானங்களில் 5 ஆண்டு அனுபவம் வேண்டும். ஏற்கத்தக்க தொழிற்பயிற்சி முடித்தவருக்கு 3 ஆண்டு, அங்கீகாரம் பெற்ற பராமரிப்புப் பயிற்சி நிலையத்தில் படித்தவருக்கு 2 ஆண்டு போதும். இருபது ஆண்டு பணிசெய்த எலக்ட்ரானிக்ஸ் ஃபிட்டருக்கு இதில் எது கஷ்டம் என்று வெளியாள் கேட்பார். கஷ்டம் ஆண்டுக்கணக்கில் இல்லை, அதைக் காட்டும் காகிதத்தில் இருக்கிறது.

படையில் ஒவ்வொரு வேலையும் ஃபார்ம் 700 என்ற பராமரிப்பு ஏட்டில் ஏறுகிறது. பழுது என்ன, யார் பார்த்தது, எந்தப் பெட்டியைக் கழற்றி எதை மாட்டியது, யார் சோதித்தது எல்லாம் கையெழுத்தோடு அதில் இருக்கும். கையெழுத்து இல்லாமல் விமானம் ஓடுபாதைக்குப் போகாது. அந்த ஏடு விமானத்துடையது, யூனிட்டுடையது. கையெழுத்துப் போட்டவன் பணி முடிந்து வீட்டுக்குப் போகும்போது அவனோடு ஒரு தாளும் போகாது. போகக் கூடாது என்பதையும் நாங்கள் மறுக்கவில்லை. அது நாட்டின் பாதுகாப்பு. அப்படியானால் அவன் கையில் கொடுத்தனுப்புவது என்ன? சேர்ந்த தேதி, விலகிய தேதி, டிரேடு, ரேங்க், நடத்தை மதிப்பீடு. இதைக் கொண்டுபோய் நீட்டினால் எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்பது, நேவிகேஷனில் எத்தனை பழுது பார்த்தீர்கள், கம்யூனிகேஷனில் என்ன செய்தீர்கள், யார் மேற்பார்வை, தேதி என்ன என்பது. சிவில் துறையில் பயிற்சி பெறும் ஒருவன் முதல் நாளிலிருந்து லாக்புக்கில் வேலைவாரியாக எழுதி, உரிமம் உள்ளவரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருப்பான். நம் சார்ஜென்ட்டிடம் அப்படி எதுவும் இல்லை. பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர்களே சாட்சியாக இருக்க, சமையல்காரரிடம் அரிசிக் கடை ரசீதைக் கேட்கிறார்கள்.

சான்று கேட்டால் ரகசியம் என்ற ஒரே பதிலை இருபது ஆண்டாகக் கேட்டுவிட்டோம். எது ரகசியம்? போர் ராடாரின் அலைவரிசை ரகசியம். மின்னணுப் போர்க்கருவியின் திறன் ரகசியம். ஐஎல்எஸ் ரிசீவரைச் சோதித்தது ரகசியமா? விஹெச்எஃப் ரேடியோவை மாற்றியது, ரேடியோ ஆல்டிமீட்டரின் கேபிளில் முறிவைக் கண்டுபிடித்தது, விஓஆர் ஆன்டெனாவைச் சரிசெய்தது ரகசியமா? இவையெல்லாம் மீனம்பாக்கத்தில் இறங்கும் பயணிகள் விமானத்திலும் இருக்கின்றன. படை பயன்படுத்தும் டாக்கானின் தூரம் காட்டும் பகுதியும் சிவில் டிஎம்இ-யும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி அமைந்தவை. படை விமானத்தின் 1553பி டேட்டா பஸ்ஸில் பழுது தேடிப் பழகியவனுக்கு சிவில் விமானத்தின் ஏரிங்க் 429 புதிதுதான். ஒன்று கேட்டுப் பதில் பெறும் முறை, மற்றது ஒருவழிப் பேச்சு. ஆனால் வயரிங் டயகிராமைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த முனையில் சிக்னல் செத்தது என்று படிப்படியாகத் தேடும் புத்தி இரண்டுக்கும் ஒன்றுதான். அதைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க யாராலும் ஆறு மாதத்தில் முடியாது.

மிக்-21 விமானத்துக்கு 2025 செப்டம்பர் 26-இல் சண்டிகரில் விழா எடுத்து விடைகொடுத்தார்கள். அதைப் பறக்க வைத்தவர்களில் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர்களையும் அடுக்குமாடி வாசலில் காவல் நிற்பவர்களையும் நமக்குப் பெயர் சொல்லித் தெரியும். எந்த வேலையும் கேவலமல்ல. ஆனால் ஜாலஹள்ளி விமானப்படைத் தளத்தில் பயிற்சி கொடுத்து, இருபது ஆண்டு கையைப் பழக்கி, கடைசியில் அந்தக் கையை நாடு தூக்கி எறிவது கேவலம்.

ஆகவே எங்கள் கோரிக்கை: ரகசிய விவரம் எதுவும் இல்லாமல், வேலையின் வகை, கருவியின் பொது இனம், காலம், பெற்றிருந்த அதிகாரம் ஆகியவற்றைக் காட்டும் அனுபவப் பதிவு ஒன்றை ஒவ்வோர் ஆண்டும் யூனிட்டிலேயே எழுதி, விடுவிப்புப் பத்திரத்தோடு கொடுக்க வேண்டும். பேஸ் ரிப்பேர் டிப்போக்களில் கழற்றிய கருவிகளை மேசையில் வைத்துப் பழுதுபார்க்கும் பெஞ்ச் வேலை பார்த்தவர்களின் நிலை இன்னும் சிக்கல், ஏனெனில் விதி கேட்பது பறக்கும் நிலையிலுள்ள விமானத்தில் செய்த வேலை. அவர்கள் ஓய்வுக்கு முன் ஓராண்டாவது ஸ்குவாட்ரனில் பணிபுரிய வாய்ப்புத் தருவது குறித்து விமானப்படை இயன்றவரை பரிசீலிக்கலாம் என்று செயற்குழு கருதுகிறது.

அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த அக்னிவீரர்கள் விஷயத்தில் செயற்குழு ஒரே குரலில் பேசவில்லை. நமக்கே கிடைக்காததை அவர்களுக்காக ஏன் கேட்க வேண்டும் என்றவர்களும் உண்டு. பெரும்பான்மை முடிவு வேறு. தொழில்நுட்பப் பணியில் போடப்பட்ட அக்னிவீரனுக்குப் பயிற்சிக் காலம் போக மிஞ்சுவது நான்கு ஆண்டுக்கும் குறைவு. அவனுடைய பயிற்சியைத் தொழிற்பயிற்சியாக ஏற்றால் 3 ஆண்டு விதிக்குள் வர வழி பிறக்கும். ஏற்காவிட்டால் 5 ஆண்டு விதி அவனைச் சேர்க்காது. அவன் நாளை எங்கே நிற்பான் என்பது டிஜிசிஏ எழுதும் ஒற்றை வரியில் இருக்கிறது. விமானப் பராமரிப்பில் அக்னிவீரர்களுக்கு இடம் உண்டு என்று 2022 ஜூனிலேயே சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் சொன்னது. அந்த வரியை எழுதுவதற்கு அமைச்சகம் இன்னும் எதற்காகக் காத்திருக்கிறது?

மற்ற விஷயங்கள் சுருக்கமாக. நாற்பது வயதில் பயிற்சி பெறுபவருக்கான சம்பளம் என்பது குடும்பம் நடத்தப் போதாது. ஓய்வூதியம் இருக்கிறதே என்று நிறுவனங்கள் அதைக் காரணம் காட்டிச் சம்பளத்தைக் குறைப்பதைக் கண்டிக்கிறோம். ஏர் இந்தியா 2022 ஜனவரி 27-இல் தனியார் கைக்குப் போனபின், பெரிய விமான நிறுவனங்களில் முன்னாள் படையினருக்கான ஒதுக்கீடு பற்றிப் பேசுவதில் பொருளில்லை. பராமரிப்புத் தொழிலுக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததை வரவேற்கிறோம். அந்தச் சலுகை பெற்றவர்கள் ஆட்களை எடுக்கும்போதும் அதை நினைவில் வைப்பது நல்லது. தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து மையங்கள் இருக்கின்றன. சூலூரிலும் தஞ்சையிலும் வேலை பார்த்து ஓய்வுபெறும் நம்மவர்களை அங்கே கொண்டுசேர்க்க முறையான ஏற்பாடு ஒன்றை மாநில அரசு செய்ய வேண்டும்.

விமானப் பயணப் பாதுகாப்பைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுப்பவர்களுக்கு ஒரு சொல். மனிதக் காரணிகள், விமானச் சட்டம் ஆகிய தேர்வுகளை நாங்கள் எழுதியே ஆக வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. சிவில் துறையில் விமானத்தை விடுவித்துக் கையெழுத்திடுபவர் தம் உரிமத்தைப் பணயம் வைத்துக் கையெழுத்திடுகிறார். அந்தப் பொறுப்பின் சட்டம் வேறு, அதைக் கற்கத்தான் வேண்டும். அமெரிக்க விதியிலும் படை அனுபவத்துக்குத் தேர்வு உண்டு. ஆனால் விமான உடலுக்கோ எஞ்சினுக்கோ 18 மாதம், இரண்டுக்கும் சேர்த்து 30 மாதம் என்று அனுபவத்துக்கு அங்கே கணக்கு இருக்கிறது, அதைக் காட்டச் சான்று இருக்கிறது. நாங்கள் கேட்பது அதற்கு மேல் எதுவும் இல்லை.

இன்னும் பணியில் இருக்கும் தம்பிகளுக்கு: விடுவிப்புக்கு ஆறு மாதம் இருக்கும்போது ஓடாதீர்கள். யூனிட்டின் அனுமதியோடு, பாதுகாப்பு விதிக்கு உட்பட்டு, செய்யும் வேலையின் வகையையும் தேதியையும் இன்றிலிருந்தே குறித்து வாருங்கள். கார்-66 பாடங்களைப் பணியில் இருக்கும்போதே படியுங்கள். பி2 வேலை நிச்சயம் என்று முன்பணம் கேட்கும் ஏஜெண்டுகளிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். திருப்பி அனுப்பப்பட்ட உறுப்பினர்கள், நிறுவனம் தந்த பதிலை எழுத்தில் பெற்றுச் சங்கச் செயலாளரிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். டிஜிசிஏ-க்குத் தரும் மனுவோடு அவை அனைத்தும் இணைக்கப்படும்.