தேய்ந்ததா, சிதைந்ததா?

இலண்டனிலே வசிக்கும் என் தம்பியின் மகள் சென்ற மாதம் ஓரிரவு தொலைபேசியில் அழைத்தாள். நான்கு வருஷம் வாடகைக்கு இருந்த வீட்டை விட்டு வேறொரு வீட்டிற்குக் குடிபோகிறாள். வீட்டுக்காரர் சாவியை வாங்கிக்கொண்டார். முற்பணத்தை மட்டும் திருப்பித் தரவில்லை. பணத்துக்குப் பதிலாக ஒரு நீண்ட கடிதம் வந்திருந்தது. வாசலுக்கு உட்புறத்திலுள்ள கம்பளம் 'டமேஜ்' ஆகிவிட்டதாகவும், புதிய கம்பளத்தின் விலையை முற்பணத்திலே கழிக்கப் போவதாகவும் அதில் எழுதியிருந்ததாம்.

"பெரியப்பா, கம்பளம் பழுதாய்ப் போனது உண்மைதானே. நான் என்னெண்டு இல்லையெண்டு எழுதுறது?" என்று கேட்டாள்.

பிள்ளையைச் சிக்கவைத்தது நமது 'பழுது' என்னும் சொல் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. வானொலி பாடாவிட்டால் பழுது. முட்டை நாறினால் பழுது. சைக்கிள் ஓடாவிட்டாலும் பழுது. பேச்சு வழக்கில் இவ்வளவையும் அந்த ஒரு சொல்லே சுமக்கிறது. அதை அப்படியே ஆங்கிலத்தில் 'டமேஜ்' என்று பெயர்த்து, "ஆம், பழுதுதான்" என்று ஒப்புதல் எழுத இருந்தாள். நான் அவளைத் தடுத்துச் சில கேள்விகள் கேட்டேன். கம்பளம் கிழிந்திருக்கிறதா? இல்லை. ஏதேனும் கொட்டிக் கறை பிடித்திருக்கிறதா? இல்லை. எரிந்த அடையாளம் உண்டா? அதுவுமில்லை. நடந்து நடந்து மேல்மயிர் போய்விட்டது, அடியிலுள்ள நூல் தெரிகிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் அதற்கு ஆங்கிலத்தில் 'டமேஜ்' என்று பெயரில்லை. 'திரெட்பெயர்' என்று பெயர். நூல் வெளித்தெரிகிறது என்பதே அதன் நேர்ப்பொருள். கம்பளித் துணியை நெய்த பின்பு அதன் முகத்திலே மெல்லிய மயிர் எழும்பும்படி செய்வார்கள். நாளடைவில் அந்த மயிர் உராய்ந்துபோக, ஊடும் பாவும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். துணி கிழியவில்லை, உழைத்துக் களைத்திருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய சோசர் என்னும் ஆங்கிலக் கவிஞர், ஒக்ஸ்போர்ட் மாணவன் ஒருவனுடைய மேலங்கியைக் குறிக்க இந்தச் சொல்லையே பயன்படுத்தியிருக்கிறார். புத்தகத்துக்குக் காசு செலவிட்டவனுக்குப் புதுச்சட்டை ஏது?

இதிலே சட்டமும் கலந்திருக்கிறது. ஆங்கிலேயரின் வாடகை உடன்படிக்கைகளில் 'பெயார் வெயார் அன்ட் டெயார்' என்றொரு தொடர் வரும். முறையாகக் குடியிருந்து புழங்கியதனாலும், வெயில், காற்று, காலம் ஆகியவற்றின் இயல்பான செயலினாலும் உண்டாகும் தேய்வு என்று அதற்குப் பொருள். அந்தத் தேய்வுக்குக் குடியிருப்பவர் பொறுப்பாளியல்லர். நம் நாட்டிலும் ஆங்கிலத்தில் எழுதப்படும் வாடகை உறுதிகளில் இதே தொடரைக் காணலாம். கையொப்பம் இடுபவர்களில் எத்தனை பேர் அதைக் கவனித்து வாசிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இங்கிலாந்திலே 2007 ஏப்பிரல் முதல் இத்தகைய முற்பணங்களை அரசாங்கம் அங்கீகரித்த ஒரு பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் வைக்க வேண்டும் என்பது விதி. 2019இல் வந்த இன்னொரு சட்டத்தின்படி, சாதாரண வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் முற்பணம் வாங்குதல் ஆகாது. பிணக்கு நேர்ந்தால் அத்திட்டத்தினர் நடுவர் ஒருவரைக் கொண்டு தீர்த்துவைப்பர். பணம் குடியிருந்தவருடையது என்பதே அவர்கள் தொடங்கும் இடம். பிடித்துக்கொள்வதற்கு நியாயம் உண்டென்று காட்டவேண்டியவர் வீட்டுக்காரரே. பொருள் உண்மையிலேயே சிதைந்திருந்தாலும், பழையதற்குப் புதியதன் முழு விலையையும் கேட்க முடியாது; அதன் வயதைக் கணக்கிட்டுக் குறைத்துத்தான் கேட்கலாம். ஆகவே 'தேய்ந்தது' என்று எழுதுவதற்கும் 'சிதைந்தது' என்று எழுதுவதற்கும் இடையே ஒரு கம்பளத்தின் விலை இருக்கிறது.

இந்தச் சொல் எப்பொழுதும் ஏழைக்குத் துணைநிற்கும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். காப்புறுதிக் கம்பனியிடம் போனால் அதே சொல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எங்கள் அயலவர் ஒருவருடைய கூரையைச் சில வருஷங்களுக்கு முன் புயற்காற்றுப் பிரித்துப்போட்டது. ஓடுகள் மாற்றிப் பத்து வருஷங்கூட ஆகவில்லை. மனுஷர் நஷ்டஈடு கேட்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். இரந்து கேட்கும் இடத்திலே தாழ்மையாகக் கேட்கவேண்டும் என்பது நம்மவர் இயல்பல்லவா? "எனது பழைய, இற்றுப்போன கூரை" என்ற கருத்தில் 'வோர்ன் அவுட்' என்று எழுதிவிட்டார். தேய்வினால் வரும் நஷ்டம் காப்புறுதிக்குள் அடங்காது என்று பத்திரத்தில் அச்சிட்டிருக்கும் வாசகத்தைச் சுட்டிக்காட்டி அவர்கள் கடிதத்தைத் திருப்பியனுப்பினர். பின்பு ஓடு வாங்கிய பற்றுச்சீட்டைத் தேடியெடுத்து, படம் பிடித்து, நடையாய் நடந்துதான் பணத்தில் ஒரு பகுதியையாவது பெற்றார். இரக்கம் சம்பாதிக்க எழுதிய ஒரு சொல் அவர் கூரையைப் புயல் வருமுன்பே பிரித்துவிட்டது!

பழம்பொருள்களைக் குறிக்க ஆங்கிலத்தில் இத்தனை தனித்தனிச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று ஆராய்ந்தால், அவற்றுட் பல தொழிலாளியின் பட்டறையிலிருந்தும் வியாபாரியின் கடையிலிருந்தும் வந்தவை என்பது தெரியும். அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தமானது 'ஷொடி' என்பது. இன்றைக்கு அது மட்டமான வேலையைக் குறிக்கும் வசைச்சொல். ஆதியில் அது ஒரு துணியின் பெயர். யோர்க்ஷயர் மாகாணத்தில் பற்லி என்னும் ஊரிலே, 1813ஆம் ஆண்டளவில், பெஞ்சமின் லோ என்பவர் பழங்கம்பளிக் கந்தல்களைப் பிய்த்து நாராக்கி, புதுக்கம்பளியோடு கலந்து மீண்டும் நூலாக நூற்கும் வழியைக் கண்டார். கூரிய பற்கள் பதித்த உருளைகள் சுழலும் இயந்திரத்திலே கந்தலைக் கொடுத்தால் அது பஞ்சுபோலப் பிரிந்து வெளிவரும். தளர்வாகப் பின்னிய கந்தலிலிருந்து வருவது 'ஷொடி'. இறுக்கி நெய்த உயர்ந்த துணிகளின் கந்தலிலிருந்தும் தையற்காரன் வெட்டியெறிந்த துண்டுகளிலிருந்தும் வருவது 'முங்கோ'. பற்லியும் பக்கத்திலுள்ள டியூஸ்பரியும் இந்தத் தொழிலினால் செழித்தன. ஐரோப்பாவின் பல பாகங்களிலிருந்தும் கந்தல் மூட்டைகள் அங்கே வந்து குவிந்தன. புதுக்கம்பளிக்கு வழியற்ற ஏழையின் முதுகை அந்தத் துணி குளிரிலிருந்து காத்தது.

பின்னே வசைச்சொல் ஆனது எப்படி? அமெரிக்காவிலே 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தபோது, இராணுவத்துக்கு உடை தைத்துக் கொடுத்த ஒப்பந்தக்காரர் சிலர் மிகக் கேவலமான 'ஷொடி'த் துணியைக் கொடுத்து இலாபம் சம்பாதித்தனர். நல்ல மழை ஒன்று பெய்ததும் சிப்பாயின் சட்டை பிரிந்து தொங்கியது. அன்று தொட்டு அச்சொல்லின் மானம் போயிற்று. குற்றம் செய்தவன் ஒப்பந்தக்காரன்; பெயர் கெட்டது கந்தலுக்கு. பழந்துணியைத் திரும்பவும் துணியாக்குவது நல்ல காரியம் என்று உலகம் இப்பொழுது பேசுவதைக் கேட்டால் பற்லித் தொழிலாளர் சிரிப்பார்கள்.

செருப்புத் தைப்பவனுடைய பங்கு 'டவுன் அட் ஹீல்'. குதிகால் தேய்ந்த சப்பாத்தைக் குறித்த இத்தொடர், அதை அணிந்திருக்கும் வறியவனையும் குறிக்கலாயிற்று. 'வோர்ஸ் போர் வெயார்' என்பதையோ சற்று எச்சரிக்கையாகக் கையாள வேண்டும். நாற்காலியைப் பற்றிச் சொன்னால் தேய்ந்தது என்று பொருள். விருந்துக்கு வந்த பெரியமனிதரைப் பற்றிச் சொன்னால் அவர் குடித்துவிட்டுத் தள்ளாடுகிறார் என்று பொருளாகிவிடும்.

பழைய புத்தகம் விற்போரின் அகராதி தனி அகராதி. ஒற்றையின் மூலை மடிந்திருந்தால் 'டொக்-இயர்ட்', அதாவது நாய்ச்செவி. தாளிலே செம்பழுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தால் 'பொக்ஸ்ட்', அதாவது நரிநிறம் பட்டது. ஈரக்காற்று, பூஞ்சணம், கடதாசியோடு கலந்துவிட்ட இரும்புத் துணுக்கு ஆகியவை அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. நமது சுவாத்தியத்தில் அந்த நரி நுழையாத அலுமாரி அரிது. கட்டுத் தளர்ந்து ஆடினால் 'ஷேக்கன்'. மட்டையின் மூலை அடிபட்டுச் சப்பையானால் 'பம்ப்ட்'. விளிம்பு உராய்ந்திருந்தால் 'ரப்ட்'. இவ்வளவு நுணுக்கமாகப் பேசும் இந்த வியாபாரிகள் ஓரிடத்திலே மாத்திரம் நம்மை ஏமாற்றுவார்கள். அவர்களுடைய தரவரிசையில் 'குட்' என்றால் நல்லது என்று பொருளல்ல! 'பைன்', 'வெரி குட்' என்பவற்றுக்குக் கீழே நிற்பது அது. பக்கங்கள் குறையாமல் இருக்கின்றன, பார்வைக்கு ஒன்றும் எதிர்பார்க்காதே என்பதே அதன் உட்கருத்து. மருதானைப் பழைய புத்தகக்கடைக்காரர் "கொஞ்சம் பழசு, சேர்" என்று சொல்லி நீட்டும்போது அதிலே அதிக நேர்மை இருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு.

வீட்டுக்கு வந்தால் 'டிலப்பிடேட்டட்' என்னும் சொல்லைக் காண்போம். கல் என்று பொருள்படும் இலத்தீன் சொல் அதற்குள் இருக்கிறது. இடிந்த கட்டடத்தை மட்டுமன்றி, இடிய விட்டவனின் பொறுப்பையும் அது குறிக்கும். இங்கிலாந்துத் திருச்சபையிலே புதிதாக வரும் குருவானவர், தமக்கு முன்பிருந்தவர் குருமனையைப் பேணாது விட்டிருந்தால் அவரிடத்தோ, அவர் இறந்திருந்தால் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்தோ பணம் கோரலாம் என்ற வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1871இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றினார்கள். ஓட்டை விழுந்த கூரைக்காக இறந்த குருவானவரின் விதவையிடம் கணக்குக் கேட்பதைக் கற்பனை செய்து பாருங்கள்.

இக்காலத்திலே தேய்வை விலைக்கு விற்கவும் கற்றுக்கொண்டார்கள். முழங்காலில் வேண்டுமென்றே கிழித்த காற்சட்டைக்கு 'டிஸ்ட்றெஸ்ட்' என்று பெயர்; துயருற்றது என்று பொருள். துயரத்துக்கு விலை அதிகம். எங்கள் பாட்டி இருந்திருந்தால் ஊசியும் நூலுமாக ஓடிவந்திருப்பார். மறுபுறத்திலே, யப்பானில் ஓடிக் களைத்த வாகனம் நமது துறைமுகத்தில் இறங்கியதும் 'ரீகண்டிஷன்' ஆகிவிடுகிறது. புதுக்கியவர் யார், எங்கே புதுக்கினார் என்று கேட்பாரில்லை.

தமிழில் இத்தகைய சொற்கள் இல்லையோ என்று ஒருவரும் ஏங்க வேண்டியதில்லை. துணி நைகிறது, கயிறு இறுகிறது, மரம் உளுக்கிறது, கிடுகு உக்குகிறது, பித்தளைச் செம்பு ஒடுங்குகிறது, ஏடு செல்லரிக்கிறது, பாய் பீத்தலாகிறது. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய சொல்லைச் சொன்னால்தான் எங்கள் ஆச்சிமார் ஒத்துக்கொள்வார்கள். உக்கிய பாய் என்று யாரேனும் சொல்லிவிட்டால், பாய் என்ன குப்பையோ என்று கேட்பார்கள். சிறுப்பிட்டியிலே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், 1887இல் கலித்தொகையை அச்சிட்டபோது, தாம் கண்ட ஏட்டுச்சுவடிகளின் நிலையைப் பதிப்புரையிலே விவரித்திருக்கிறார். ஓரத்துக்கு நேர்ந்தது வேறு, இதழுக்கு நேர்ந்தது வேறு, எழுத்துக்கு நேர்ந்தது வேறு என்று ஒவ்வொன்றுக்கும் தனிவினை கொடுத்து அவர் எழுதியிருப்பதை வாசித்தால், ஏடு நம் கையிலே இருப்பது போலத் தோன்றும். எல்லாவற்றையும் 'பழுதாகி விட்டன' என்று ஒரே சொல்லில் முடித்திருந்தால், அவற்றை அச்சிலேற்றுவதற்கு அவர் பட்ட அவசரம் நமக்கு விளங்கியிராது.

தம்பியின் மகளுக்கு வருவோம். கம்பளம் 'திரெட்பெயர்' ஆகியிருக்கிறது, நான்கு வருஷம் நடந்ததனால் வந்த 'வெயார் அன்ட் டெயார்' அது, குடிபுகுந்த அன்று எடுத்த படத்திலேயே அது புதிதன்று என்பது தெரியும், இவற்றைச் சுருக்கமாக எழுது என்றேன். அவள் சற்றுத் தயங்கினாள். சமையலறை மேசைப்பலகையில் ஒருநாள் சூடான சட்டியை வைத்துவிட்டாளாம். ஒரு வட்டம் விழுந்திருக்கிறது. வீட்டுக்காரர் தம் கடிதத்தில் அதைப்பற்றி ஒன்றும் குறிப்பிடவில்லை. "எழுதவோ, விடவோ பெரியப்பா?" என்றாள். நான் பதில் சொல்லுமுன்னே தானே, "எழுதுறன்" என்று சொல்லிவிட்டு, அதற்குரிய ஆங்கிலச் சொல்லைக் கேட்டாள். 'ஸ்கோர்ச்ட்' என்றேன். எரிந்து ஓட்டையாகவில்லை, மேற்பரப்பு மட்டும் சூட்டினால் நிறம் மாறியிருக்கிறது என்பது பொருள்.

மூன்று வாரத்தின் பின் பணம் வந்தது. கம்பளத்துக்கு ஒன்றும் கழிக்கப்படவில்லை. மேசைப்பலகைக்கு ஒரு சிறு தொகை கழிக்கப்பட்டிருந்தது. அது அவள் கொடுக்க வேண்டியதுதான். அன்றிரவு மீண்டும் அழைத்து, 'ஸ்கோர்ச்ட்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்டாள். "கருகல்" என்றேன் நான். அடுப்படியிலே நின்ற என் மனைவி, "கருகினால் கரியெல்லோ. அது தீய்ஞ்சது" என்றாள்.