உயரத்தைக் கேட்காதே, ஓடிய நாளைக் கேள்!

உலகத்தில் எதற்குத்தான் ரசிகர் மன்றம் இல்லை? நடிகருக்கு உண்டு, கிரிக்கெட் வீரருக்கு உண்டு, பைக் கம்பெனிக்குக்கூட உண்டு. ஆளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு இரண்டு நிமிடத்தில் இறக்கிவிடும் ரோலர் கோஸ்டருக்கும் உண்டு. அமெரிக்காவில் 1978-லேயே இதற்கென்று தனிச் சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். ஐரோப்பா, ஜப்பான் என்று இன்று எல்லா இடத்திலும் இந்தக் கூட்டம் இருக்கிறது.

இவர்களுக்கென்று தனி பாஷை உண்டு. ஏறி இறங்கிய ஒவ்வொரு கோஸ்டரும் ஒரு 'கிரெடிட்'. உடம்பு இருக்கையை விட்டு எழும்பும் அந்த நொடி 'ஏர்டைம்'. 200 அடி தாண்டினால் 'ஹைப்பர்', 300 தாண்டினால் 'கிகா', 400 தாண்டினால் 'ஸ்ட்ராட்டா'. சாதாரண ஜனம் "அந்த நீலக் கலர் ரைடு" என்று சொல்வதை இவர்கள் "அது இன்டமின்", "இது பி அண்ட் எம்", "அது ஆர்.எம்.சி." என்று தயாரித்த கம்பெனி பெயரால்தான் சொல்வார்கள்.

இதில் பாராட்ட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. தீம் பார்க் வாசலில் கம்பெனி பெயர் இருக்காது. விளம்பரத்தில் பாம்பு, பேய், பேட்மேன் எல்லாம் வருவார்கள். செய்தவன் பெயர் வராது. "யார் செய்தது?" என்று கேட்கத் தெரிந்த வாடிக்கையாளர் இந்த ரசிகர் மட்டும்தான். கேள்வி சரி. அதற்கு அவர்களே சொல்லிக்கொள்ளும் பதில்தான் கோளாறு.

*

முதலில் கம்பெனிகளின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இரும்புக் குழாயில் தண்டவாளம் போட்டு 1959-ல் டிஸ்னிலாந்தில் மேட்டர்ஹார்ன் கோஸ்டரை ஓடவிட்டது அமெரிக்காவின் ஆரோ கம்பெனி. 1976-ல் கலிபோர்னியாவின் மேஜிக் மவுண்டனில் 'ரெவல்யூஷன்' வந்தது. செய்தவர் ஜெர்மனியின் அன்டன் ஷ்வார்ஸ்கோஃப், கணக்குப் போட்டவர் வெர்னர் ஸ்டெங்கல். 1890-களில் அமெரிக்காவில் செய்து பார்த்த லூப்புகள் சரியான வட்டமாக இருந்ததால் ஏறியவர்களின் கழுத்து வலி கண்டது. ஸ்டெங்கல் அதைக் கண்ணீர்த்துளி வடிவமாக மாற்றினார். கீழே வேகம் அதிகமாக இருக்கும் இடத்தில் வளைவு பெரிதாக, மேலே வேகம் குறையும் இடத்தில் சிறிதாக. அதனால் உடம்பின் மேல் விழும் சுமை திடீரென்று எகிறாது. இன்றைக்கு ஓடும் லூப்புகளுக்கு அதுதான் தாய்.

பிறகு ஸ்விட்சர்லாந்தின் இன்டமின். அதற்கு வேலை செய்துகொடுத்த ஜியோவனோலா என்ற இன்னொரு கம்பெனியில் இருந்த பொலிகர், மாபியார் என்ற இரண்டு பொறியாளர்கள் 1988-ல் தனிக்கடை போட்டார்கள். அதுதான் பி அண்ட் எம். 1992-ல் சிகாகோ பக்கத்தில் இவர்களுடைய 'பேட்மேன் தி ரைடு' வந்தது: தண்டவாளம் தலைக்கு மேலே, கால்கள் அந்தரத்தில். இன்னொரு பக்கம் பழைய மரக் கோஸ்டர்களுக்கு இரும்புத் தடம் பூட்டி மறுபிறவி கொடுக்கும் ஆர்.எம்.சி.

இத்தனை திறமைசாலிகள் இருக்கும் துறை. இவர்களைப் பற்றி ரசிகர்கள் பேசுவது எப்படி இருக்கிறது? "எங்க ஆளு உயரம் பார்த்தியா?" "உங்க ஆளு வேகம் அவ்வளவுதானா?" தலைவர் படத்துக்கு எத்தனை அடி கட்அவுட் வைத்தார்கள் என்று சண்டை போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சினிமா ரசிகனாவது கட்அவுட்டோடு நிறுத்த மாட்டான். படம் எத்தனை நாள் ஓடியது, நூறு நாளா, வெள்ளிவிழாவா என்று கேட்பான். கோஸ்டர் ரசிகன் அந்தக் கேள்வியை மட்டும் கேட்பதே இல்லை!

*

ஓடிய நாள் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போமா?

கிங்டா கா. நியூ ஜெர்சியில் 2005-ல் இன்டமின் கட்டியது. 456 அடி உயரம், மணிக்கு 206 கிலோமீட்டர் வேகம். உலகத்திலேயே உயரமான கோஸ்டர் என்று கொண்டாடினார்கள். எண்ணெயை அழுத்தி நைட்ரஜன் வாயுவை இறுக்கி, அந்த அழுத்தத்தை ஒரே மூச்சில் திறந்துவிட்டு, ராட்சத உருளையில் கம்பியைச் சுருட்டி ரயிலை இழுக்கும் ஏற்பாடு. சில நொடி வேகத்துக்காக இத்தனை பம்பு, இத்தனை வால்வு, இத்தனை கம்பி. ரிப்பேர் ஆகாமல் என்ன செய்யும்? வரிசையில் நிற்கும்போதே "இன்று இயங்காது" என்று கேட்டுத் திரும்பியவர்கள் ஏராளம். 2024-ல் மூடினார்கள், 2025 பிப்ரவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதன் ஆயுள் இருபது வருடத்தைத் தொடவில்லை.

அதன் அண்ணன் டாப் திரில் டிராக்ஸ்டர், ஒஹையோ மாநிலத்தின் சீடர் பாயிண்டில் 2003-ல் வந்தது. 420 அடி. 2021 ஆகஸ்டில் ரயிலிலிருந்து கழன்ற ஓர் இரும்புத் துண்டு வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் தலையில் அடித்தது. அதோடு அதன் பழைய அவதாரம் முடிந்தது. சாம்பெர்லா என்ற இத்தாலியக் கம்பெனியை வைத்து மாற்றிக் கட்டி 2024 மே மாதம் திறந்தார்கள். ஒரு வாரம் போல ஓடியது. அந்த சீசன் முழுக்க மூடிக்கிடந்து, 2025-ல்தான் மறுபடி ஓடியது.

ஜப்பானின் டோ-டோடோன்பாவுக்கு உயரத்தில் சாதனை இல்லை, சீறிக் கிளம்புவதில் சாதனை. 1.56 நொடியில் 180 கிலோமீட்டர் வேகம்! ஏறியவர்கள் சிலர் எலும்பு முறிந்தது என்று புகார் சொல்ல, 2021-ல் நிறுத்தி, 2024-ல் ஒரேயடியாக மூடுவதாக அறிவித்துவிட்டார்கள்.

இப்போது நியூயார்க் கோனி தீவுக்குப் போகலாம். அங்கே 'சைக்ளோன்' என்று ஒரு மரக் கோஸ்டர். உயரம் 85 அடி. கிங்டா காவின் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஓட ஆரம்பித்தது 1927-ல். 2024 ஆகஸ்டில் ரயிலை மேலே இழுக்கும் சங்கிலியின் பல்சக்கரத்தில் விரிசல் கண்டார்கள். உடனே நிறுத்தினார்கள், சரிசெய்தார்கள், மறுபடி ஓட்டினார்கள். இதைத்தான் சாதனை என்று சொல்ல வேண்டும். இதற்கு எந்தக் கோப்பையும் கிடையாது :)

ஒரே பார்க்கில் இரண்டையும் பார்க்க ஆசையா? ஒஹையோவின் கிங்ஸ் ஐலண்ட். 1979-ல் அந்தப் பார்க் தன் சொந்த ஆட்களை வைத்தே 'தி பீஸ்ட்' என்ற மரக் கோஸ்டரைக் கட்டியது. பெரிய கம்பெனி பெயர் எதுவும் இல்லை. இன்றும் ஓடுகிறது. 2000-த்தில் அதன் வாரிசு என்று 'சன் ஆஃப் பீஸ்ட்' கட்டினார்கள். உலகின் உயரமான மரக் கோஸ்டர், அதில் லூப் வேறு. வேலை முடிவதற்கு முன்பே ஒப்பந்தக்காரரோடு தகராறு. 2006-ல் விபத்து, 27 பேருக்குக் காயம். லூப்பைக் கழற்றிப் பார்த்தார்கள். 2009-ல் மூடி, 2012-ல் இடித்தார்கள். அப்பன் இருக்கிறான், பிள்ளை இல்லை.

வணிகவியல் முதல் வருடப் பாடம் இது. ஒரு சொத்தை வாங்கினால் விலையை மட்டும் பார்க்கக் கூடாது, எத்தனை வருடம் உழைக்கும் என்று பார்த்துத்தான் தேய்மானம் போட வேண்டும். ரசிகர்களின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் திறப்பு விழா அன்றைக்கே கணக்கு முடிந்துவிடுகிறது.

*

"பொழுதுபோக்குக்குப் பேசுகிறார்கள், விட்டுவிடுங்களேன்" என்று சொல்லலாம். விட்டுவிடலாம்தான், விபத்து என்ற ஒன்று இல்லாமல் இருந்தால்.

இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸில் 2013-ல் 'ஸ்மைலர்' வந்தது. கெர்ஸ்ட்லவர் என்ற ஜெர்மன் கம்பெனி செய்தது. 14 முறை தலைகீழாகப் புரட்டும், உலக சாதனை. 2015 ஜூன் 2 அன்று ஆட்களோடு போன ரயில், வழியில் நின்றிருந்த காலி ரயில் மேல் மோதியது. இரண்டு இளம்பெண்கள் ஆளுக்கொரு காலை இழந்தார்கள்.

இது எப்படி நடந்தது? கோஸ்டர் தடத்தைப் பல துண்டுகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு துண்டில் ஒரு ரயில்தான் இருக்கலாம். முன்னால் போனது அந்தத் துண்டைத் தாண்டாதவரை பின்னால் வருவதைக் கணினி விடாது. ரயில்வே சிக்னல் மாதிரிதான். அன்றைக்கும் கணினி சரியாகவே நிறுத்தியது. தடத்தில் காலி ரயில் நிற்பது தெரியாமல், கணினிதான் தப்பு செய்கிறது என்று நினைத்து, அதை மீறி ரயிலை அனுப்பினார்கள் ஊழியர்கள். காற்று மணிக்கு 34 மைலுக்கு மேல் வீசினால் ஓட்டக் கூடாது என்பது தயாரிப்பாளரின் கையேட்டில் இருந்தது. அன்று அதைத் தாண்டிக் காற்று வீசிக்கொண்டிருந்தது.

ஆக, செய்தவன் போட்ட பூட்டு வேலை செய்தது. நடத்தியவர்கள் அதைத் திறந்துவிட்டார்கள். வழக்கில் தண்டனை விழுந்தது பார்க்கை நடத்திய மெர்லின் நிறுவனத்துக்கு: 2016-ல் 50 லட்சம் பவுண்டு அபராதம். தனி ஊழியர்களின் தவறு என்று முடித்துவிடவில்லை. அவர்களுக்கு ஒழுங்கான வழிமுறையே வகுத்துக் கொடுக்காத நிர்வாகத்தின் தவறு என்றார்கள்.

எந்நேரமும் கம்பெனி பெயரையே ஜபித்துக்கொண்டிருக்கும் பழக்கத்தின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. "அது கெர்ஸ்ட்லவர்தானே, அப்படித்தான்" என்று ஒரு வார்த்தையில் முடித்தால் தப்பித்துக்கொள்வது யார்? தினமும் காலையில் தடத்தை நடந்து சோதிக்க வேண்டியவன், பயிற்சி கொடுக்க வேண்டியவன், காசு வாங்கிக்கொண்டு ஏற்றிவிட்டவன்.

டெக்சாஸில் நடந்தது இன்னும் சிக்கல். 'நியூ டெக்சாஸ் ஜெயண்ட்' 2011-ல் வந்தது. தடம் ஆர்.எம்.சி., ரயில் கெர்ஸ்ட்லவர், நடத்துவது சிக்ஸ் ஃபிளாக்ஸ். 2013 ஜூலையில் ஓடும் ரயிலிலிருந்து ஒரு பெண் விழுந்து இறந்தார். மடியைப் பிடிக்கும் கம்பி இருந்தது, பெல்ட் இல்லை. மறுபடி திறக்கும்போதுதான் பெல்ட் வந்தது. ஒரு கோஸ்டருக்குள் மூன்று பெயர்கள். "ஆர்.எம்.சி. சூப்பர்" என்று கூவுகிறவர் இந்த மூன்றில் எதைப் புகழ்கிறார், எதை மறக்கிறார் என்று அவருக்கே தெரியுமா?

*

ரசிகர்களின் இன்னொரு பழக்கம், நம்பகமாக ஓடும் வண்டியைக் கிண்டல் செய்வது. பி அண்ட் எம் கோஸ்டர் பற்றிக் கேளுங்கள்: "ஸ்மூத்தா இருக்கும், ஆனா போர்." குலுக்காமல், கழுத்தை ஒடிக்காமல், காலையிலிருந்து இரவுவரை ஓடுவது குற்றமாம்! அதே ஆட்கள் கிங்டா கா உச்சியைத் தாண்ட முடியாமல் பின்னால் உருண்டு வந்தால், "ஆஹா, எனக்கு ரோல்பேக் கிடைத்தது" என்று லாட்டரி விழுந்த மாதிரி குதிப்பார்கள்.

வரிசையில் நிற்கும் குடும்பத்தின் பக்கம் வந்து பாருங்கள். 32 பேர் உட்காரும் ரயில் ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 1,280 பேர். ஆள் பற்றாக்குறையில் மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்றால் 640 பேர். அதாவது ஒரு மணி நேரக் காத்திருப்பு இரண்டு மணி நேரமாகும். வருடம் முழுக்கச் சேர்த்து வைத்த காசில் பிள்ளைகளைக் கூட்டி வந்தவருக்கு 456 அடியை விட இந்தக் கணக்கு முக்கியம். ரசிகர்கள் இதைக் கேட்டால் பார்க் முதலாளிகள் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் புது ரைடு வந்தால் முதலில் கூப்பிட்டு ஏற்றுவது இவர்களைத்தான், பரிசுப் பட்டியலில் ஓட்டுப் போடுவதும் இவர்கள்தான்.

கம்பெனிகள் முக்கியமில்லை என்பதல்ல இதன் பொருள். ஷ்வார்ஸ்கோஃப் கம்பெனி 1983-ல் திவால் ஆனது. ஆரோ 2001-ல் திவால் ஆனது. கம்பெனி போய்விட்டால் உதிரி பாகம் யார் தருவார்கள், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? இதெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள். ஜெர்மனியின் மாக் குடும்பத்தைப் பாருங்கள். அவர்களே கோஸ்டர் தயாரிக்கிறார்கள், 1975-ல் யூரோபா-பார்க் என்று சொந்தப் பார்க்கும் திறந்தார்கள். தன் சமையலைத் தானே சாப்பிடும் ஹோட்டல்காரர் மாதிரி, சாமான் கோளாறு என்றால் முதல் நஷ்டம் அவர்களுக்கே. ஆனால் 2002-ல் அதே பார்க்கில் பெரிய 'சில்வர் ஸ்டார்' வேண்டும் என்றதும் போட்டிக் கம்பெனியான பி அண்ட் எம்மிடம் வாங்கினார்கள். முதலாளிக்கே இல்லாத கம்பெனி வெறி ரசிகனுக்கு எதற்கு?

சவுதியின் கித்தியாவில் இன்டமினின் 'ஃபால்கன்ஸ் ஃப்ளைட்' வந்திருக்கிறது. மணிக்கு 250 கிலோமீட்டர் என்கிறார்கள். பழைய சாதனைகள் எல்லாம் காலி, ரசிகர்களுக்குத் தூக்கம் இல்லை. கைதட்டட்டும், தப்பில்லை. தட்டிவிட்டு, ஒவ்வொரு சீசன் முடிவிலும் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்: இந்த வருடம் எத்தனை நாள் ஓடியது? நின்ற நாட்களில் ஏன் நின்றது? நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அங்கே வேலை செய்யும் கடைசி ஊழியனுக்கு இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் வாங்கித் தருகிற அன்றைக்கு ரசிகர் சங்கத்துக்கு ஒரு அர்த்தம் உண்டு. அதுவரை அதுவும் இன்னொரு கட்அவுட் பாலாபிஷேகம்தான்.