இரும்புக்கையும் ஒரு உலக்கையும்

ஆணி புடுங்குற அவசரத்துல இந்தப் பக்கம் வந்தே பல மாசமாச்சு. இப்ப வரவச்சது என் தம்பி மகன். வயசு 9, ராஜபாளையத்துல இங்கிலீஷ் மீடியம் படிக்கிறான். போன வாரம் போன்ல, "பெரியப்பா, எனக்கு சூப்பர் ஹீரோ காமிக்ஸ் வாங்கித் தர்றீங்களா?"ன்னு கேட்டான். கேட்ட வாய்க்கு சர்க்கரை போடணும்போல இருந்துச்சு. நம்ம வீட்டுல அடுத்த தலைமுறைக்கும் ஒரு காமிக்ஸ் பைத்தியம் ரெடின்னு சந்தோஷத்துல அக்காகிட்ட உளறிட்டேன். வந்துச்சு பாருங்க பதில்.

"டேய், உனக்கு இன்னும் புத்தி வரலியா? ஒருத்தன கொல்லப் பாத்தது பத்தாதா?"

சரி, கொசுவத்தி சுத்தித்தான் ஆகணும்.

எங்க ஊரு கான்சாபுரம். வத்திராயிருப்பு, கூமாபட்டி பக்கம். மேற்க மலை, பிளவக்கல் அணைத் தண்ணி, நெல்லு, தென்னை. (மருதநாயகம்ங்கிற கான் சாகிபு பேருலதான் ஊருன்னு பெரியவங்க சொல்வாங்க. வெள்ளைக்காரனுக்காகவும் சண்ட போட்டு, அப்புறம் வெள்ளைக்காரனோடயும் சண்ட போட்டு, 1764-ல மதுரையில தூக்குல தொங்குனவர். ஊர் பேருலயே ஒரு சிக்கலான ஹீரோ இருக்காரு. இது பின்னாடி தேவைப்படும்.) 1986 கோடை லீவு. எனக்கு 10 வயசு, தம்பிக்கு 7, அக்காவுக்கு 13. வத்திராயிருப்புல ஒரு பெட்டிக்கடையில பழைய காமிக்ஸ் வாடகைக்குக் குடுப்பாங்க. பாதிக்கு அட்டையே இருக்காது. அதுல வந்து சேர்ந்தவர்தான் இரும்புக்கை மாயாவி.

காமிக்ஸ் தெரியாத பதிவர்களுக்காக ஒரு பாரா. முத்து காமிக்ஸ் 1972-ல எங்க பக்கத்து ஊரான சிவகாசியில ஆரம்பிச்சது. முதல் இதழே இரும்புக்கை மாயாவிதான். இங்கிலாந்துல 1962-ல 'வேலியண்ட்' வாரப் பத்திரிகையில ஆரம்பிச்ச கதை. ஆய்வுக்கூட விபத்துல வலது கை போயி, இரும்புக்கை மாட்டுனவரு. உடம்புல மின்சாரம் பாஞ்சா ஆள் மறைஞ்சிருவாரு, கை மட்டும் அந்தரத்துல தெரியும். அதனால ஒவ்வொரு கதையிலயும் மனுஷன் பிளக்கைத் தேடி, ஒயரைத் தேடி ஓடுவாரு.

தம்பிக்கு அப்ப எழுத்துக்கூட்டத்தான் தெரியும். நான்தான் சத்தமா வாசிச்சுக் காட்டுவேன். வாசிக்கிறதோட விட்டேனா? "கரண்ட் நம்ம மேல பட்டாலும் மறைஞ்சிரலாம், ஆனா கையில இரும்பு இருக்கணும்"னு சொந்தமா ஒரு விஞ்ஞான விளக்கம் வேற. ரெண்டு நாள் கழிச்சு, சிகரெட் பாக்கெட் ஜிகினாத்தாளைக் கையில சுத்திக்கிட்டு, குடை கம்பி ஒண்ண சுவிட்ச் போர்டுல சொருகிட்டான். ஆள் மறையல. கைதான் போர்டோட ஒட்டிக்கிச்சு. சத்தம்கூட வரல. அடுக்களையில இருந்து எட்டிப் பார்த்த அக்கா, மூலையில சாத்தியிருந்த உலக்கையை எடுத்து அவன் கையில ஒரே போடு. அதுல பிரிஞ்சு விழுந்தான். கரண்ட் பிடிச்சா தொடக்கூடாது, மரத்தால தட்டிவிடணும்னு அந்த 13 வயசுப் பிள்ளைக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்களோ, இன்னிக்கு வரைக்கும் அது சொல்லல. தம்பி உள்ளங்கையில காசு அகலத்துக்கு ஒரு தழும்பு இப்பவும் இருக்கு. அன்னிக்கு சாயந்திரம் வெந்நீர் அடுப்புல எங்க மாயாவி, வேதாளர் எல்லாரும் எரிஞ்சாங்க. (அந்தப் பழைய இதழுங்களுக்கு இன்னிக்கு சேகரிக்கிறவங்க குடுக்கிற விலையைக் கேட்டா அப்பாவே அடுப்புக்குள்ள கைய விட்டு எடுத்திருப்பாரு.)

ஆக, "காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கும்"னு சொல்ற கட்சிக்கு எங்க அக்காவைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அதனாலதான் இந்த விஷயத்தை லேசா எடுத்துக்க முடியல.

அமெரிக்காவுல இதே சண்டை பெரிய அளவுல நடந்திருக்கு. 1954-ல ஃபிரெட்ரிக் வெர்தாம்னு ஒரு மனநல மருத்துவர், பிள்ளைங்க குற்றவாளி ஆகுறதுக்குக் காமிக்ஸ்தான் காரணம்னு புத்தகமே எழுதினாரு. செனட் விசாரணை வரைக்கும் போச்சு. பயந்துபோன பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு சட்டம் போட்டு, ஒத்துப்போன இதழுக்கெல்லாம் அட்டையில ஒரு முத்திரை குத்துனாங்க. நல்லது எப்பவும் ஜெயிக்கணும், ரத்தக்காட்டேரி கூடாது, இப்படிப் போகும் விதிகள். 1971-ல போதைப்பழக்கம் தப்புன்னு சொன்ன ஸ்பைடர்மேன் கதைக்கே முத்திரை கிடைக்கல. முத்திரை இல்லாமலே வெளியிட்டாங்க. 2011-ல கடைசி ரெண்டு கம்பெனியும் கைவிட, முத்திரை செத்துப்போச்சு. அடுத்த வருஷம் கரோல் டில்லிங்கிற பேராசிரியை வெர்தாமோட பழைய காகிதங்களைக் கிண்டிப் பார்த்து, அவரு சாட்சியங்களைத் தன் வசதிக்கு வெட்டி ஒட்டினத வெளியில கொண்டு வந்தாங்க.

அக்காகிட்ட இதையெல்லாம் சொல்லி ஜெயிக்க முடியுமா? வெர்தாம் பொய் சொன்னாருங்கிறதுக்காகத் தம்பி கைத் தழும்பு பொய்யாகிருமா?

நானும் முத்திரையை நம்புற ஆளாத்தான் இருந்திருக்கேன். பையன் கேட்டதும் ஆன்லைன்ல 'இன்வின்சிபிள்' முதல் பாகங்களை வாங்கினேன். மஞ்சளும் நீலமுமா பளிச்சுன்னு அட்டை, பள்ளிக்கூடப் பையன் ஹீரோ, அப்பாவும் சூப்பர் ஹீரோ. பாக்க சனிக்கிழமை காலை கார்ட்டூன் மாதிரியே இருக்கும். நல்லவேளை, குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். போகப் போக அந்த அப்பாவே கூட்டாளி ஹீரோக்களைக் கொன்னு போடுறாரு, பெத்த மகனை அடிச்சு நொறுக்குறாரு. பக்கம் பூரா ரத்தம். கதையா நல்ல கதை, நான் விடியிற வரைக்கும் கீழ வைக்கல. ஆனா 9 வயசுக்கா? பரண்ல ஏத்திட்டேன். அவனுக்கு 16 ஆகட்டும்.

படம் கலர்கலரா இருந்தா குழந்தைப் புத்தகம்னு நினைக்கிறதுதான் முதல் தப்பு. 1986-ல 'வாட்ச்மென்' வந்ததுல இருந்தே சூப்பர் ஹீரோ கதையில ஒரு பெரிய பங்கு பெரியவங்களுக்குன்னு ஆகிப்போச்சு. கடையில எல்லாம் ஒரே அலமாரியில நிக்கும்.

ரெண்டாவது தப்பு நம்மள மாதிரி ஆளுங்க பண்றது. நாம ரசிச்சதையெல்லாம் பிள்ளை தலையில கட்டுறது. ஸ்பைடர்னா எனக்கு உயிர். கூர் காது, ஹெலிகார், வலைத் துப்பாக்கி... 1984-ல ஆரம்பிச்ச லயன் காமிக்ஸைத் தூக்கி நிறுத்துனதே அவருதான்னு சொல்லுவேன். ஆனா நிதானமா யோசிங்க, ஸ்பைடர் ஆரம்பத்துல யாரு? உலகத்துக்கே குற்றச் சக்கரவர்த்தி ஆகணும்னு கிளம்புன திருடன். பிற்பாடுதான் திருந்துனாரு. மாயாவியே முதல் கதையில நல்லவர் கிடையாது. எங்க ஊர் கான் சாகிபு மாதிரிதான், எந்தப் பக்கம்னு யோசிக்கணும். எனக்கு அது குறையாத் தெரியல. திருந்துன ஹீரோகிட்டதான் பேச விஷயம் இருக்கு. ஆனா பேச ஆள் வேணும், பக்கத்துல உட்கார்ந்து.

வேதாளர் கதை இன்னும் சங்கடம். (முத்துல வேதாளர், ராணி காமிக்ஸ்ல அவரே மாயாவி. இதை வச்சுப் பள்ளிக்கூடத்துல நடந்த அடிதடிக்குத் தனிப் பதிவே போடலாம்.) லீ ஃபால்க் 1936-ல உருவாக்குனவரு. குதிரை, ஓநாய், மண்டையோட்டு மோதிரம்னு இன்னிக்கும் பையன்களுக்குப் பிடிக்கும். ஆனா கறுப்பு மக்கள் வாழுற காட்டுல, ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் தலைமுறை தலைமுறையா சிம்மாசனத்துல உட்கார்ந்து நியாயம் சொல்லுது. 10 வயசுல எனக்கு இது உறைக்கவே இல்ல. இப்ப உறைக்குது. பையனுக்குக் குடுக்காம இருக்கப் போறதில்ல, "அந்தக் காட்டு ஆளுங்கள்ல ஒருத்தர் ஏன் தலைவர் ஆகல?"ன்னு கேட்டுட்டுக் குடுப்பேன்.

சரி, எதைத்தான் குடுக்கிறது? வன்முறை இருக்கா இல்லியாங்கிறத நான் அளவுகோலா வைக்கிறதில்ல. அடிதடி இல்லாத ராமாயணம் உண்டா? அடி வாங்கினவனுக்கு என்ன ஆச்சுன்னு கதை காட்டுதா, அந்தச் சக்திக்கு ஹீரோ என்ன விலை குடுக்கிறான், இதைத்தான் பாக்கிறேன். மாயாவி கதையில எனக்கு இப்ப இருக்கிற ஒரே குறை அதான். ஒயரைத் தொடுறாரு, மறையிறாரு. வலியைப் பத்தி ஒரு கட்டம் நின்னு பேசியிருந்தா 7 வயசுப் பய யோசிச்சிருப்பான்.

ரொம்பச் சின்னப் பிள்ளைகன்னா, பழைய பூந்தளிர்ல வந்த கபீஷ் குரங்கு போதும். வால் நீளும், அதான் சூப்பர் பவர். அதைப் பார்த்து எந்தப் பிள்ளையும் வாலை நீட்டிக் கெட்டுப்போகாது. 8, 9 வயசுக்கு ரோபோ ஆர்ச்சி. தற்பெருமை பேசுற இரும்பு மனுஷன், கோட்டை வடிவக் கால யந்திரம், நிறைய சிரிப்பு. நம்ம மூணு பழைய ஹீரோக்கள்ல ஆபத்தே இல்லாத ஆளு இவருதான்.

இங்கிலீஷ்ல ஒண்ணே ஒண்ணு சொல்லணும்னா, ஜீன் லுவென் யாங் எழுதி 2019-ல வர ஆரம்பிச்ச சூப்பர்மேன் கதை. 1946-ல ஒரு சீனக் குடும்பம் புதுசா குடிவருது, அவங்க வீட்டு முன்னாடி சிலுவையை எரிக்கிற நிறவெறிக் கும்பலோட சூப்பர்மேன் மோதுறாரு. அதுல சூப்பர்மேனுக்கு முதல்ல பறக்கவே வராது, ஓடித்தான் போவாரு. தானும் வேற கிரகத்துல இருந்து வந்த வெளியாள்னு ஊருக்குத் தெரிஞ்சிருமோங்கிற பயம். வகுப்புல புதுசா வர்ற பிள்ளையை ஒதுக்குறது எந்த ஊர்லதான் இல்ல? எங்க கான்சாபுரத்துலயே இருந்துச்சு, பேரு வேற அவ்வளவுதான். 12-க்கு மேலன்னா, 2014-ல தனி இதழா வந்த கமலா கான், மிஸ் மார்வெல். வீட்டுக் கட்டுப்பாடு, பள்ளிக்கூடம், சூப்பர் பவர் மூணையும் ஒண்ணா சமாளிக்கிற பொண்ணு. பெண் பிள்ளைக வச்சிருக்கிறவங்க மட்டுமில்ல, பையன் வச்சிருக்கிறவங்களும் வாங்கலாம்.

எனக்கு உண்மையான கவலை இன்னொண்ணு. பையனுக்குத் தமிழ் வாசிக்க வரல. "மா... யா... வி..."ன்னு 1986-ல அவங்க அப்பன் கூட்டுன மாதிரியே கூட்டுறான், ஆனா அவனுக்கு 9 வயசு. பள்ளிக் கல்வித் துறை வாசிப்பு இயக்கத்துக்காகப் போட்ட குட்டிப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா பிரிச்சிருக்காங்க. வயசை வச்சுப் பாக்காம, வாசிக்கிற திறனை வச்சுப் பிரிச்சது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. காமிக்ஸுக்கும் அதான். கதை 9 வயசுக்கு இருக்கணும், எழுத்து 'நட'ல இருக்கணும். நம்ம பழைய மொழிபெயர்ப்புகள்ல "அடேய் மதியிழந்தவனே, உன் கொட்டத்தை அடக்குகிறேன்"ங்கிற ரேஞ்சுல வசனம் வந்தா பய மூணாவது கட்டத்துல மூடிருவான். படம் இழுத்துட்டுப் போகணும், பலூன்ல ரெண்டு வரிக்கு மேல போகக்கூடாது. கடையில நின்னு நாலு பக்கம் புரட்டுனாலே இது தெரிஞ்சிரும்.

கடைசியில என்ன பண்ணேன்னா, ஆர்ச்சி ஒண்ணு, அந்த சூப்பர்மேன் ஒண்ணு, கூடவே மாயாவி மறுபதிப்பும் ஒண்ணு எடுத்துட்டுப் போன ஞாயித்துக்கிழமை ராஜபாளையம் போனேன். மாயாவியைப் பார்த்ததும் அக்கா முகம் மாறிருச்சு. தம்பி ஒண்ணும் பேசல. மகனைப் பக்கத்துல உட்கார வச்சு, வலது கையை விரிச்சுக் காட்டி, "மொதல்ல இதைப் பாரு, அப்புறம் புத்தகத்தைப் பாரு"ன்னான். உலக்கைக் கதை முழுசும் சொன்னான். நான் குடுத்த விஞ்ஞான விளக்கத்தையும் விடாம சொன்னான், பாவி.

அப்புறம் அப்பனும் மகனுமா எழுத்துக்கூட்டி ஒரு மணி நேரம் ஓட்டுனாங்க. நடுவுல பையன் நிமிந்து என்கிட்ட கேட்டான்: "பெரியப்பா, கரண்ட் பட்டா அவரு மறையிறாரு சரி. அவரு போட்ருக்க சட்டை பேன்ட்டு எப்படி மறையுது?"

நானும் தம்பியும் ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். அக்காதான், "அப்படிக் கேளுடா என் தங்கம்"னு சொல்லிட்டு, புத்தகத்தை இங்கிட்டுக் கொண்டான்னு கண்ணாடியைத் தேடுச்சு.